கூண்டிலிருந்து தப்பிவந்த பறவை உங்கள் தோட்டத்தில் இறங்கினால்: படிப்படியான செய்முறை

வீட்டுத் தோட்டத்தில் தண்ணீரும் தானியமும் வைத்துப் பறவை பார்ப்பவர்களில் பலருக்கு என்றாவது ஒருநாள் இது நடக்கிறது. குருவிக் கூட்டத்தின் நடுவே வான நீலத்தில் நீண்ட வாலோடு ஒரு பறவை விதை பொறுக்கிக்கொண்டிருக்கும். பலரும் லவ் பேர்ட்ஸ் என்று அழைக்கும் பட்ஜி அது. துண்டை எடுத்துக்கொண்டு ஓடலாமா என்று கை பரபரக்கும். அல்லது, பாவம், விடுதலை கிடைத்துவிட்டது, பறந்து திரியட்டும் என்று மனம் இளகும். இரண்டுமே அதன் உயிருக்கு ஆபத்து.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். பட்ஜியின் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதி. அங்கே அது பெருங்கூட்டமாக மழையைத் தேடி ஊர்விட்டு ஊர் பறக்கும் பச்சைப் பறவை. ஆங்கிலேயப் பறவையியலாளர் ஜான் கூல்ட் 1840-இல் அதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த பிறகு, தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்து வளர்ந்ததுதான் இன்று நம் கண்ணில் படும் நீலமும் வெள்ளையும் மஞ்சளும். எடை 30, 40 கிராம்தான். இரை தேடத் தெரியாது, பருந்துக்கும் வல்லூறுக்கும் ஒளியத் தெரியாது, சேர்ந்து பறக்கத் தன் கூட்டமும் இல்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் பெருகியிருந்த பட்ஜிகளே பின்னாளில் அடியோடு அற்றுப்போயின. தனியாக வந்த ஒன்றுக்கு என்ன வாய்ப்பு இருக்கும்?

ஆகவே பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் துரத்தாமல் பிடிக்க வேண்டும். அதற்குத் தோட்டத்துப் பறவைகளைப் பார்த்துப் பழகிய கண் வேண்டும். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதல் படி: தோட்டத்தைத் தயார் செய்வது

தண்ணீர்த் தட்டு ஆழமில்லாமல் இருக்கட்டும். இரண்டு முதல் ஐந்து சென்டிமீட்டர் போதும், அடிப்பக்கம் வழுக்கக் கூடாது. தானியத் தட்டைக் கண்ணாடி ஜன்னலுக்கு ஒரு மீட்டருக்குள் வையுங்கள், அல்லது பத்து மீட்டருக்கு அப்பால் வையுங்கள். இடைப்பட்ட தூரத்தில் வைத்தால், மிரண்டு எழும் பறவை முழு வேகம் பிடித்துக் கண்ணாடியில் மோதும். தட்டுகளை வாரக்கணக்கில் கழுவாமல் விடுவது, வைக்காமலே இருப்பதைவிடக் கெடுதல். சால்மோனெல்லா போன்ற நோய்கள் பறவைக்குப் பறவை பரவுவது இத்தகைய தட்டுகளில்தான்.

பைனாகுலர் வாங்குவதானால் 8x42 வாங்குங்கள், அதாவது எட்டு மடங்கு பெருக்கம், 42 மில்லிமீட்டர் முன்வில்லை. 10x நல்லது என்று கடைக்காரர் சொல்வார். கேட்காதீர்கள். பத்து மடங்கு பெருக்கும்போது கையின் நடுக்கமும் பத்து மடங்கு ஆகும், காட்சிப்பரப்பும் குறுகும், கிளைக்குக் கிளை தாவும் பறவையைத் தேடிப் பிடிப்பதற்குள் அது போய்விடும். பெயர் தெரியாத குரலுக்குக் கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலி உதவும். ஆனால் தொடக்கத்தில் செயலியைவிட நோட்டுப் புத்தகத்தையே நான் பரிந்துரைப்பேன். எந்தப் பறவை எத்தனை மணிக்கு வருகிறது, எந்தக் கிளையில் இறங்குகிறது, எதைப் பார்த்து எல்லாம் ஒரே நேரத்தில் எழுகின்றன என்று எழுதி வையுங்கள். இந்தக் குறிப்புகள் அடுத்த படிகளில் கைகொடுக்கும்.

இரண்டாம் படி: அது உண்மையிலேயே வளர்ப்புப் பறவையா?

இதில் அவசரம் கூடாது. காட்டுப் பறவையைப் பிடித்துக் கூண்டில் அடைப்பது பல நாடுகளில் குற்றம். அதைவிட முக்கியம், அது அந்தப் பறவைக்குச் செய்யும் கொடுமை.

குட்டை வால், வாயோரத்தில் மஞ்சள் விளிம்பு, தடுமாறும் பறத்தல் என்றால் அது கூட்டைவிட்டு இப்போதுதான் வெளிவந்த குஞ்சு. தாயும் தகப்பனும் பக்கத்தில்தான் இருக்கும். பூனையை மட்டும் விலக்கிவிட்டு நீங்களும் விலகிவிடுங்கள்.

கிளியாக இருப்பதாலேயே அது தப்பிவந்தது என்றும் முடிவு செய்ய முடியாது. லண்டனிலும் ஆம்ஸ்டர்டாமிலும் செந்தார்ப் பைங்கிளிகள் தலைமுறைகளாகச் சுதந்திரமாக இனப்பெருக்கம் செய்கின்றன. பார்சிலோனாவிலும் நியூயார்க்கிலும் மாங்க் கிளிகள் சுள்ளிகளை அடுக்கிக் கூடு கட்டி வாழ்கின்றன. கூட்டமாகப் பறந்து, மனிதரைக் கண்டதும் எழுந்து போனால், பிடிப்பது பற்றிய பேச்சே வேண்டாம்.

தப்பிவந்த பறவை பெரும்பாலும் தனியாக இருக்கும். காலில் வளையம் இருக்கலாம். மனிதர் அருகே போனாலும் பறக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும். மற்ற பறவைகள் எச்சரிக்கைக் குரல் கேட்டு இலைகளுக்குள் மறையும்போது, இது மட்டும் வெட்ட வெளியில் உட்கார்ந்திருக்கும். எனக்கு மிகவும் நம்பகமான அடையாளம் இந்தக் கடைசி ஒன்றுதான். பார்த்த பறவைகளைப் பதியும் இ-பேர்ட் தளத்தில் பதிவு செய்பவர்கள் தயங்காமல் பதியுங்கள், தப்பிவந்த பறவைகளுக்கென்று அங்கே தனி வகை உண்டு.

மூன்றாம் படி: துரத்தாமல் கவனிப்பது

வலை வேண்டாம். பசை வேண்டவே வேண்டாம், அது இறகைப் பிய்த்துக் காலை முறிக்கும். தண்ணீரைப் பீய்ச்சி இறகை நனைத்தால் பறக்க முடியாது என்று சிலர் சொல்வார்கள். பறக்க முடியாதுதான். ஆனால் 35 கிராம் உடல் நனைந்துவிட்டால் வெப்பத்தையும் தக்கவைக்க முடியாது.

உட்கார்ந்து பாருங்கள். பட்ஜி காலையில் ஒரு முறையும் பொழுது சாய்வதற்கு முன்பு ஒரு முறையும் மும்முரமாகத் தின்னும். எந்தப் பக்கத்திலிருந்து இறங்குகிறது, இரவு எந்தக் கிளையில் அடைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடையும் கிளை தெரிந்துவிட்டால், மறுநாள் விடியும்போது கூண்டோடு அதன் கண்ணெதிரில் நீங்கள் இருக்கலாம்.

கையில் வளர்ந்த காக்கட்டீல் (கொண்டையுள்ள சிறு வளர்ப்புக் கிளி) என்றால் இவ்வளவு பாடே தேவைப்படாது. நேராகத் தோளிலேயே வந்து உட்காரும். அப்போது கையை உயர்த்தாதீர்கள். அதைத் தோளில் வைத்துக்கொண்டே மெல்ல நடந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்துங்கள். மின்விசிறியை முன்கூட்டியே யாராவது நிறுத்தியிருக்க வேண்டும், கண்ணாடி ஜன்னலுக்குத் திரை போட்டிருக்க வேண்டும்.

நான்காம் படி: கூண்டுக்குள் வரவழைப்பது

பெரும்பாலோர் தோற்றுப்போகும் இடம் இது. பறவை கூண்டருகே வரும், கூண்டின் மேல் ஏறும், கம்பியைப் பிடித்துத் தொங்கும், சுற்றிச் சுற்றி வரும். ஆனால் உள்ளே மட்டும் போகாது. பசி இல்லை என்றும் பயப்படுகிறது என்றும் நினைத்துக் கைவிட்டுவிடுவார்கள்.

உண்மையில் நடப்பது வேறு. கம்பிகளுக்கு அந்தப்புறம் விதை கண்ணெதிரிலேயே தெரிகிறது. பறவை விதையை நோக்கி நேராகப் போகப் பார்க்கிறது. வாசல் பின்பக்கம் இருக்கிறது என்பதும், விதையை விட்டு விலகிச் சுற்றிப் போனால்தான் விதை கிடைக்கும் என்பதும் அதற்கு எட்டுவதில்லை. அலகைக் கம்பிகளுக்கு இடையே நுழைத்து நுழைத்துப் பார்த்துவிட்டுச் சலித்துப் பறந்துவிடும்.

தீர்வு எளிது. வாசல் உள்ள பக்கத்தைத் தவிர மற்ற மூன்று பக்கங்களையும் வெளிர்நிறத் துணியால் மூடுங்கள். இப்போது விதை வாசல் வழியாக மட்டுமே தெரியும். கண் போகும் வழியும் கால் போகும் வழியும் ஒன்றாகிவிடும். மேல்பக்கத்தைத் திறந்தே விடுங்கள், உள்ளே வெளிச்சம் இருந்தால்தான் நுழையும்.

அடுத்து உள்ளே இருக்கும் அமர்குச்சி. வாசல் மட்டத்திலேயே தொடங்கி உட்புறம் நோக்கி ஒரு நீளக் குச்சி போகட்டும். வாசலுக்கு வெளியேயும் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்கட்டும். பட்ஜி எம்பிக் குதித்து இருட்டான பெட்டிக்குள் இறங்காது, குச்சி மேல் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து போகும். இறங்க வேண்டிய வாசலைவிட நடந்து போகும் வாசலை அது எளிதாக ஏற்றுக்கொள்ளும்.

தீனிக்குத் தினைக் கதிர் முழுசாகக் கிடைத்தால் அதற்கு ஈடு எதுவுமில்லை. தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும், கொத்திக் கொத்தித் தின்பதற்கு நேரம் பிடிக்கும். ஒரு கதிரை வெளியே நீண்ட குச்சியில் கட்டுங்கள், இன்னொன்றை வாசலிலும் மூன்றாவதைக் கடைசி மூலையிலும் கட்டுங்கள். தோட்டத்திலுள்ள மற்ற தானியத் தட்டுகளை அன்று எடுத்துவிடுங்கள். தண்ணீர் மட்டும் இருக்கட்டும்.

கதவு மேலும் கீழும் வழுக்கும் வகையாக இருந்தால் நல்லது. நீண்ட நூலால் கதவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் அமர்ந்திருங்கள். விட்டால் தானாக விழ வேண்டும். பறவை வருவதற்கு முன்பே பலமுறை விழவிட்டுச் சோதியுங்கள். பாதியில் சிக்கும் கதவு பறவையைத் தப்பவிட்டு, கூண்டை நம்பக் கூடாது என்றும் கற்றுக்கொடுத்துவிடும். நைலான் நூல் முறுக்கிக்கொள்ளும், பருத்தி நூலே போதும்.

அது முதல் முறை உள்ளே நுழைந்ததும் நூலை விட்டுவிடத் தோன்றும். பொறுங்கள். முதல் முறை பாதி உடலை வெளியே வைத்துக்கொண்டு ஒரு விதையை எடுத்துக்கொண்டு ஓடும். இரண்டாம் முறை கொஞ்சம் உள்ளே போகும். ஓரிரு முறை தடையில்லாமல் போய்வந்த பிறகு அதன் கழுத்து தளர்ந்திருப்பது தெரியும், ஒவ்வொரு கொத்துக்கும் நடுவே தலையைத் தூக்கிப் பார்ப்பது குறையும். கடைசிக் கதிரில் அலகை வைத்து, முதுகு வாசல் பக்கம் திரும்பி, வாலும் முழுசாக உள்ளே வந்துவிட்ட பிறகு நூலை விடுங்கள். வாலைப் பார்க்காமல் விட்டால் கதவு அதன்மேல் விழும்.

உங்களிடமோ நண்பரிடமோ இன்னொரு பட்ஜி இருந்தால், அதைத் தனிக் கூண்டில் பக்கத்தில் வையுங்கள், ஆனால் இரண்டு கூண்டும் ஒன்றையொன்று தொட வேண்டாம். அதன் குரல் கேட்டாலே தப்பிவந்த பறவை இறங்கும். ஒலிப்பதிவு என்றால் கூட்டமாகக் கலகலக்கும் ஒலியை மெல்லிய சத்தத்தில் வையுங்கள். அலறும் குரல் உள்ள பதிவு எதிர்மாறாக வேலை செய்யும்.

ஐந்தாம் படி: முதல் இரவு

கூண்டிலிருந்து பெட்டிக்கு மாற்றக் கையில் எடுக்க வேண்டியிருந்தால், மெல்லிய துண்டால் முதுகுப்பக்கம் மூடி, ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே தலையை நிறுத்துங்கள். மார்பை இறுக்கவே கூடாது. பறவைக்கு நம்மைப்போல் உதரவிதானம் இல்லை. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்று உள்ளே போகும். அன்போடு இறுக்கிப் பிடித்தாலும் மூச்சு நின்றுவிடும்.

சோர்ந்து இறகைச் சிலிர்த்துக்கொண்டிருந்தால் 29, 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், அரையிருட்டில், அமைதியாக வையுங்கள். விதையும் தண்ணீரும் எட்டும் இடத்தில் இருக்கட்டும். சொட்டு மருந்துக் குழாயால் வாயில் தண்ணீர் விடாதீர்கள். மூச்சுக்குழாயின் வாய் நாக்கின் அடியிலேயே திறந்திருப்பதால் நீர் நுரையீரலுக்குப் போய்விடும். மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடினால் காத்திருக்க வேண்டாம், பறவை பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

சமையலறையில் வைக்காதீர்கள். டெஃப்லான் பூசிய பாத்திரம் அளவுக்கு மீறிச் சூடானால் வரும் ஆவி, மனிதருக்கு மணம்கூடத் தெரியாத அளவிலேயே பறவையைக் கொன்றுவிடும். அவகாடோவும் சாக்லேட்டும் நஞ்சு.

வீட்டில் ஏற்கெனவே பறவை இருந்தால், புதியதைக் குறைந்தது 30 நாள் வேறு அறையில் வையுங்கள். கிளி இனங்களிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் சிட்டகோசிஸ் என்ற நோய் உண்டு. காய்ந்த எச்சத்தின் தூசியை மூச்சில் இழுப்பதால்தான் பெரும்பாலும் வரும். எச்சத்தை நனைத்துவிட்டுத் துடையுங்கள், கையைக் கழுவுங்கள்.

ஆறாம் படி: உரியவரைத் தேடுவது

எங்கோ ஒரு வீட்டில் யாரோ ஜன்னலைத் திறந்துவைத்துக் காத்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு தேடுங்கள். அக்கம்பக்கத்திலும், கால்நடை மருத்துவமனைகளிலும், பறவை விற்கும் கடைகளிலும் சொல்லி வையுங்கள். பெரிய கிளி என்றால் மைக்ரோசிப் இருக்கிறதா என்று மருத்துவர் கருவி வைத்துப் பார்ப்பார். முழு வளையமாக இருந்தால் வளர்த்தவரின் குறியீடும் பிறந்த ஆண்டும் அதில் இருக்கும். அறிவிப்பில் வளைய எண்ணை வெளியிடாதீர்கள், முழுப் படமும் வேண்டாம். உரிமை கோரி வருபவர் எண்ணையோ, அலகுக்கு மேலுள்ள மெழுகுத் தோலின் நிறத்தையோ, அது பேசும் சொல்லையோ சொல்லட்டும். வளர்ந்த பட்ஜியில் அந்தத் தோல் பெரும்பாலும் ஆணுக்கு நீலமாகவும் பெண்ணுக்குப் பழுப்பாகவும் இருக்கும்.

பிறகு சேர்த்தது

பலர் எழுதிக் கேட்ட மூன்று சிக்கல்களை இங்கே சேர்க்கிறேன்.

சிட்டு போன்ற சிறு கூண்டுப் பறவைகளான ஃபிஞ்சும் கேனரியும் கம்பியைப் பற்றி ஏறாது. நீளக் குச்சி உத்தி அவற்றிடம் பலிக்காது. கூண்டை மேசை மேல் வைத்து, அகன்ற வாசலின் அடிமட்டத்திலேயே தானியத்தைத் தூவுங்கள். தத்தியபடி உள்ளே போகும்.

உங்கள் பறவையே பறந்துவிட்டால் அது போன திசையிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். இன்னொருவர் கூண்டை எடுத்து வரட்டும். அதன் சொந்தக் கூண்டை மேலிருந்து பார்த்தால் தெரியும் இடத்தில் வைத்து, அதன் ஜோடியையும் பக்கத்தில் வைத்து, வழக்கமாகக் கூப்பிடும் குரலிலேயே கூப்பிடுங்கள். உயரமான கிளையில் இருக்கும் பறவைக்கு இறங்கிப் பறக்கத் தெரியாமலிருக்கலாம். தாழ்ந்த கிளைகளுக்குப் படிப்படியாக இறங்கி வர நேரம் கொடுங்கள்.

வளையம் அணிந்த புறா வந்து உட்கார்ந்தால் அது பெரும்பாலும் வழியில் களைத்த பந்தயப் புறா. அதைப் பிடிக்கவே வேண்டாம். தண்ணீரும் தானியமும் வையுங்கள், ரொட்டி வேண்டாம். பெரும்பாலும் ஓரிரு நாளில் தெம்பு வந்து தானே கிளம்பிவிடும். அதன் பிறகும் போகாமலோ சிறகு தொங்கியோ இருந்தால் மட்டும் பிடித்து, வளைய எண்ணைக் கொண்டு உரியவரைத் தேடுங்கள்.