மோசமான நாளிலும் முடிகிற அளவு

ஜனவரி 1, தை 1, சித்திரை 1, பிறந்த நாள் என்று ஒவ்வொரு தடவையும் நாள் பார்த்து உடற்பயிற்சியை ஆரம்பித்து, மூன்றாவது வாரத்தில் விட்டவன் நான். ஒரு வருஷத்துக்கு மொத்தமாக ஜிம்முக்குப் பணம் கட்டிவிட்டு 19 நாள்தான் போனேன். 42 வயதில் ரத்தப் பரிசோதனை எடுத்தபோது மூன்று மாதச் சராசரி சர்க்கரை, அதாவது எச்பிஏ1சி, 6.1 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய படி. அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தது, பெரியப்பாவுக்குக் கால் விரலையே எடுக்க வேண்டி வந்தது, அதனால் அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐசிஎம்ஆர்) ஆய்வு சொல்கிறது, ஆகவே உங்கள் வீட்டிலும் யாருக்காவது இந்தப் பயம் இருக்கும். இப்போது ஐந்து வருஷமாக நடக்கிறேன். இந்தத் தடவை மட்டும் ஏன் நிலைத்தது என்பதைத்தான் எழுதுகிறேன்.

நாம் திட்டம் போடுவது நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதைச் செய்து முடிக்க வேண்டியதோ புதன்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு, பஸ்ஸில் நின்றபடியே வந்து, இன்னும் முகம்கூடக் கழுவாத நேரத்தில். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு மணி நேரம் நடப்பது லேசாகத் தெரியும். புதன்கிழமைக்கு அது மலை. அதனால் அளவை முடிவு செய்யும்போது உங்கள் மாதத்தின் மோசமான நாளை மனதில் வையுங்கள். மாதக் கடைசிக் கணக்கு முடிக்கிற நாள், குழந்தைக்குக் காய்ச்சல் வந்த நாள், ஊரிலிருந்து விருந்தாளி வந்து இறங்கிய நாள். அன்றைக்கும் செய்ய முடிகிறது எதுவோ, அதுதான் உங்கள் அளவு.

எனக்கு அது மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி ஒரு சுற்று. ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும், கால் மணி நேரம் ஆகும். முடிந்த நாளில் மூன்று சுற்று, நாலு சுற்றுகூடப் போவேன், ஆனால் ஒரு சுற்று முடித்தாலே அன்றைய கணக்கு முடிந்தது என்று வைத்துக்கொண்டேன். முதல் இரண்டு வாரம், இன்னும் நடக்கலாம் போல இருந்தாலும் ஒரு சுற்றோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டேன், இதை நீங்களும் அப்படியே செய்யுங்கள். முதல் வார உற்சாகத்தில் ஆறு கிலோமீட்டர் நடந்து கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு நாலு நாள் படுத்துவிட்டால், அப்புறம் திரும்ப ஆரம்பிப்பதற்கு ஒரு மாதம் போய்விடும். அரசின் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் மாவட்டம்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை ஒதுக்கியிருக்கிறார்கள், நல்ல ஏற்பாடு, ஆனால் அது ஆறாவது மாதத்துக்கு உரியது, முதல் நாளுக்கு அல்ல.

இவ்வளவு கொஞ்சம் போதுமா என்று கேட்பீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அதோடு வாரம் இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சி. 150-ஐ ஏழால் வகுத்தால் நாளுக்கு 22 நிமிடம்கூட இல்லை. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது நடந்தால்தான் கணக்கில் சேரும் என்று முன்பு இருந்த நிபந்தனையையும் எடுத்துவிட்டார்கள், ஆக காலையில் ஒரு சுற்று, சாப்பிட்டபின் மொட்டை மாடியில் ஏழெட்டு நிமிடம் என்று பிரித்துப் போட்டாலும் சேரும். மிதமான வேகம் என்றால் எவ்வளவு? பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அவ்வளவுதான், வாட்ச் தேவையில்லை.

நாளுக்குப் பத்தாயிரம் காலடி நடக்க வேண்டும் என்ற பேச்சு 1965 வாக்கில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது, மருத்துவ ஆய்விலிருந்து வந்ததில்லை. அமெரிக்காவில் சராசரி வயது 72 இருக்கும் பெண்கள் 16,000-க்கும் மேற்பட்டவர்களைக் கவனித்து 2019-ல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களில் இறப்பு கணிசமாகக் குறைவாக இருந்தது, 7,500 அடிக்கு மேல் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஒன்றுமே நடக்காதவர் கொஞ்சம் நடக்க ஆரம்பிப்பதில்தான் பெரிய லாபம் இருக்கிறது, என்னைப் போல உட்கார்ந்தே வேலை பார்க்கிறவர்கள் இதை நம்ப வேண்டும்.

அடுத்தது நேரம். ‘காலை ஆறு மணி’ என்று வைத்தால் ஒரு நாள் ஆறரை ஆனதும் ‘சரி, நாளைக்குப் பார்ப்போம்’ என்று மனசு சொல்லும். அதற்குப் பதிலாக, தினமும் தவறாமல் செய்கிற ஏதாவது ஒரு வேலையோடு சேர்த்துக் கட்டுங்கள். நான் காபி குடித்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்ததும் ஷூவை மாட்டுவேன், மணி என்னவாக இருந்தாலும் சரி. பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு அப்படியே நடக்கிறவர்களைத் தெரியும், அதுவும் நல்ல வழி. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்துப் பார்த்ததில், ஒரு காரியம் பழக்கமாக 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகலாம், நடு அளவு 66 நாள் என்று தெரிந்தது. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று நம்பி, வராமல் போனதும் என்மேல் நானே வெறுப்பு கொண்ட காலம் உண்டு, அது தேவையே இல்லாத வேதனை. அதே ஆய்வில் இன்னொன்றும் உண்டு: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் கெட்டுப்போகவில்லை. எனவே ஒரு நாள் விட்டால் விடுங்கள், இரண்டாவது நாள் மட்டும் விடாதீர்கள்.

தசைப் பயிற்சியை நம் ஊரில் நாற்பது தாண்டியவர்கள் பெரும்பாலும் ஒதுக்கிவிடுகிறோம், எனக்கு இதில் ரொம்ப வருத்தம். சாப்பாட்டிலிருந்து வரும் குளுக்கோஸை நிறைய எடுத்துக்கொள்கிற இடம் தசை, வயதாக ஆக அது கரைந்துகொண்டே போகும். எழுபது வயதில் தரையிலிருந்து கை ஊன்றாமல் எழுந்திருக்க வேண்டுமானால் இப்போதே அதற்கு வேலை கொடுக்க வேண்டும். பெரிய கருவி எதுவும் வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுவது 8 தடவை, சுவரில் கை வைத்துத் தண்டால் 8 தடவை, ஐந்து கிலோ அரிசிப் பையை இரண்டு கையிலும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பது. இதை இரண்டு சுற்று செய்தால் கால் மணி நேரம். பத்து நாளைக்கு ஒரு தடவை எண்ணிக்கையில் ஒன்று கூட்டுங்கள், 15 எளிதாக வந்ததும் நாற்காலியை விட்டுவிட்டு பஸ்கி, சுவரை விட்டுவிட்டு மேஜை விளிம்பில் தண்டால். தோப்புக்கரணமும் பஸ்கி மாதிரிதான், பிள்ளையார் கோயிலில் போட்டுப் பழகியவர்களுக்கு அது எளிது. முட்டி வலி இருந்தால் நாற்காலியில் தலையணை போட்டு உயரம் கூட்டுங்கள். நடக்கும்போது நெஞ்சு அடைக்கிறது, மூச்சு அளவுக்கு மீறி வாங்குகிறது என்றால் முதலில் டாக்டரைப் பாருங்கள். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் நடையைக் கூட்டும் முன் கட்டாயம் கேட்டுக்கொள்ள வேண்டும், சர்க்கரை திடீரென்று இறங்கலாம்.

சாப்பாட்டில் சோற்றை விட்டுவிட்டு ஓட்ஸுக்குப் போனேன், ஒன்பது நாள் தாங்கியது. அப்புறம் சோற்றை விடவில்லை, இரண்டாவது தடவை போட்டுக்கொள்வதை மட்டும் விட்டேன். அந்த இடத்தில் பொரியலும் கூட்டும் ஒரு கரண்டி கூடுதலாக வந்தது. சாயங்காலம் பஜ்ஜிக்குப் பதில் சுண்டல், மத்தியானம் ஒரு முட்டை. காபியில் ஒரு நாளைக்கு மூன்று வேளை, இரண்டிரண்டு ஸ்பூன் சர்க்கரை, அதுவே ஏறக்குறைய 25 கிராம். அதை ஒரே நாளில் நிறுத்தினால் காபியே கசக்கும், ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அரை ஸ்பூன் என்று குறைத்தேன், இரண்டு மாதத்தில் நாக்கு மாறிவிட்டது. பரோட்டா மாதத்துக்கு இரண்டு தடவை, சால்னாவோடு, மனசார. கல்யாண வீட்டு இலையில் கணக்குப் பார்க்க வேண்டாம், சாப்பிட்டுவிட்டு மண்டபத்தைச் சுற்றி ஒரு நடை போங்கள்.

அக்னி நட்சத்திர நாட்களில் ஆறு மணிக்கு முன்பே முடித்துவிடுவேன், ஐப்பசி மழையில் வீட்டுக்குள்ளேயே நடப்பேன், தெப்பத் திருவிழா சமயம் குளத்துப் பக்கம் கால் வைக்க இடமிருக்காது, தெருவிலேயே நடை. இப்படி மாற்று வழியை முன்னாலேயே முடிவு செய்து வைக்க வேண்டும், அந்த நாளில் யோசித்தால் சாக்குதான் வரும்.

எடையைத் தினமும் பார்க்காதீர்கள். தண்ணீர் குடித்தால் ஏறும், வேர்த்தால் இறங்கும். மாதம் ஒரு தடவை இடுப்புச் சுற்றளவை டேப்பால் அளந்து எழுதுங்கள். நம்மவர்களுக்கு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80-ஐத் தாண்டினால் ஆபத்து கூடும். எனக்கு 98 இருந்தது, ஒன்றரை வருஷத்தில் 91 ஆனது, எச்பிஏ1சி 5.6-க்கு வந்தது. எல்லோருக்கும் இப்படியே இறங்கும் என்று சொல்ல மாட்டேன்.

கடைசியாக, ஆண்களுக்கு ஒன்று. நான் நடந்துவிட்டு வரும்போது வீட்டில் இட்லி வெந்திருக்கும், பிள்ளைக்குத் தலை வாரியிருக்கும். அந்தக் கால் மணி நேரத்தை எனக்குக் கொடுத்தது யார் என்பது மூன்றாவது மாதத்தில்தான் உறைத்தது. வீட்டு வேலையிலேயே உடற்பயிற்சி முடிந்துவிடுகிறது என்று பெண்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம், அடுப்படியில் நின்றுகொண்டே இருப்பதால் கால்தான் வலிக்கிறது. இப்போது செவ்வாய், வியாழன், சனி என் மனைவி தெப்பக்குளத்துக்குப் போகிறாள், அந்த மூன்று நாளும் சட்னி அரைப்பதும் தோசை ஊற்றுவதும் என் வேலை, என் சுற்றை நான் ராத்திரி சாப்பிட்டபின் போய்க்கொள்கிறேன்.