அப்புச்சி வீட்டு லட்சுமிக்குப் புதுப் பிரேம்

கோபிச்செட்டிபாளையம் பக்கம் அப்புச்சி (அம்மாவோட அப்பா) வீட்டை இடிச்சப்போ ஆளாளுக்குத் தூணு, கதவுன்னு எடுத்துக்கிட்டாங்க. நான் ஆசாரத்துல (முன்கூடத்துல) தொங்குன ரெண்டு படத்தை எடுத்துட்டு வந்தேனுங்க. லட்சுமி, சரஸ்வதி. 1894-ல் ரவிவர்மா பம்பாயில் ஆரம்பிச்ச அச்சகத்துப் படங்க.

அசல்தானான்னு பூதக்கண்ணாடி வச்சுப் பாருங்க. இப்ப அடிக்கிற ஆப்செட்டுன்னா புள்ளி வரிசை பிசகாம பூப்பூவாத் தெரியும். நிறத்துக்கு ஒரு கல்லுன்னு வச்சு அடிச்ச கல்லச்சுல, மணலைத் தூவி விட்டாப்புல இருக்கும்.

சரஸ்வதியை ஒரு கடையில குடுத்தேன். ரெடிமேட் பிரேமுக்குள்ள நுழையலைன்னு அடி ஓரத்தை வெட்டிப்போட்டாரு. அச்சகத்துப் பேரே அந்த ஓரத்துலதான் இருந்துச்சு. போதாக்குறைக்கு ஹார்டுபோர்டுல ஃபெவிகால் தடவி ஒட்டிட்டாரு. இனி பிரிக்க வழியில்லை.

அதனால லட்சுமிக்கு நானே உக்காந்தேன். படத்தைக் குப்புறப் போட்டு, குறட்டால ஆணியை ஒவ்வொண்ணா எடுக்கணும். தாள் கண்ணாடியில ஒட்டியிருந்தா இழுக்காதீங்க, கண்ணாடியோடயே விட்டுடுங்க. தூசிக்கு மெத்துன்னு காஞ்ச பிரஷ் போதும். ஈரத்துணி பக்கத்துலயே வரக்கூடாது. அமிலமில்லாத மவுண்ட் அட்டைன்னு கேட்டு வாங்குங்க, சாதா அட்டை நாள்பட்டா தாளைப் பழுப்பாக்கிடும். படத்துல பசையே படவேண்டாம். அதே மாதிரி அமிலமில்லாத தாள்ல முக்கோணப் பை மடிச்சு அட்டையில ஒட்டி, படத்தோட நாலு மூலையையும் அதுக்குள்ள செருகிடுங்க. மேல சன்னல் மாதிரி வெட்டுன இன்னொரு அட்டை. அது இருந்தாத்தான் கண்ணாடி படத்து மேல படாது. பட்டா ஓதத்துல ஒட்டிக்கும்.

பிரேம் அளவெல்லாம் கடைக்காரர் பாத்துக்குவாரு. "ஓரம் வெட்டக்கூடாதுங்க"ன்னு மட்டும் ரெண்டு தடவை சொல்லிப்போடுங்க.

மாட்டுற இடம்தான் பெரிய சங்கதி. நான் இருக்கிறது பொள்ளாச்சி. ஆனி, ஆடிச் சாரலுக்கு மேற்குச் சுவரு ஊறிப்போகும். மேற்கு ஜன்னல் வெயிலோ எதிர்ச்சுவத்துல அடிச்சுச் சாயத்தை வெளுத்துடும். ரெண்டும் வேண்டாம்னு உள்சுவத்துல மாட்டுனேன். அப்புச்சி வீட்டுல உசரத்துல, முன்னால சாஞ்சு தொங்கும். பாயில உக்காந்து பாக்க அது தோது, பின்னால காத்தும் ஓடும். நம்ம சோபா வீட்டுக்குக் கண்ணு மட்டத்துல நேரா மாட்டுனா, காத்துக்கு வழி வேணுமில்லீங்களா? தேஞ்ச ரப்பர் செருப்புல ரெண்டு துண்டு வெட்டி, பிரேமுக்குப் பின்னால கீழ் மூலைகள்ல ஒட்டிட்டேன். தாளை அரிக்கிற இராமபாணப் பூச்சி வந்துருக்கான்னு வருசத்துக்கு ஒருக்கா, சாரல் முடிஞ்சதும் கழட்டிப் பாக்கறேன்.