பயணத்துக்கு லேப்டாப் எடுக்கலாமா, வீட்டில் வைக்கலாமா?

நாகர்கோவிலிலிருந்தோ மார்த்தாண்டத்திலிருந்தோ வெளியூர் கிளம்புகிற பைக்குள் லேப்டாப் ஏறுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: "எதற்கும் இருக்கட்டும்." இப்படி எடுத்த லேப்டாப் பெரும்பாலும் பையை விட்டு வெளியே வராமலே வீடு திரும்பும். 14 அங்குல லேப்டாப் ஒன்றரைக் கிலோ, 15.6 அங்குலம் இரண்டு கிலோவை நெருங்கும். சார்ஜரும் வயரும் இன்னொரு 300, 400 கிராம். சுமையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பாத்ரூம் போகும்போதும் டீ குடிக்க இறங்கும்போதும் ஒரு கண்ணை அந்தப் பையின் மேலேயே வைத்திருக்க வேண்டியதுதான் பயணத்தைக் கெடுக்கும்.

கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பே ஒரு தாளை எடுத்து மூன்று விஷயம் எழுதுங்கள்: என்ன வேலை, எந்த நாள் எத்தனை மணிக்கு, எங்கே உட்கார்ந்து. "செவ்வாய் மாலை 6 முதல் 8 வரை, லாட்ஜ் அறை மேசையில், டாலி கணக்கு சாஃப்ட்வேரில் மாதக் கணக்கை முடிக்க வேண்டும்" என்று எழுத முடிந்தால் லேப்டாப்பை எடுங்கள், தயங்கவே வேண்டாம். "மெயில் வந்தால் பார்க்க", "நேரம் கிடைத்தால் படிக்க" என்று எழுதினால் வீட்டில் வையுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாமல்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். கல்யாண வீட்டில் மேசை இருக்காது, இருந்தாலும் அதன் மேல் வாழைக்குலையும் தாம்பூலப் பையும் இருக்கும். வேலையும் நேரமும் உறுதி, இடம் மட்டும் இல்லை என்றால், அந்த வேலையைக் கிளம்பும் முன் முடிப்பதுதான் வழி.

போனில் முடியுமா என்பதை ஊகித்து முடிவு செய்யாதீர்கள். ஒரு மாலை முழுக்க லேப்டாப்பைப் பீரோவில் பூட்டிவிட்டு, தாளில் எழுதிய வேலையைப் போனில் செய்து பாருங்கள். வீடியோ மீட்டிங், மெயில், பிடிஎஃப்பில் கையெழுத்து, டிக்கெட், பேங்க் வேலை, இரண்டு பக்கக் கடிதம் எல்லாம் போனில் தாராளமாக நடக்கும். நிறைய டைப் செய்ய வேண்டுமென்றால் 200, 300 கிராம் எடையுள்ள புளூடூத் கீபோர்டு போதும். தமிழில் நீளமாக எழுத வேண்டியிருந்தால் போனின் குரல் தட்டச்சில் பேசிவிட்டு, பிறகு பிழை திருத்திக்கொள்ளலாம்.

போன் கைவிடும் வேலைகளும் உண்டு. மேக்ரோ (தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு) போட்ட எக்ஸல் கோப்பு போனில் திறக்கும், ஆனால் மேக்ரோ ஓடாது. டாலியில் வவுச்சர் போடுவது, ஆட்டோகேடில் வரைவது, டிஎஸ்சி என்ற டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைச் செருகிக் கையெழுத்திடுவது, கேமரா வைத்துக் கண்காணிக்கும் ஆன்லைன் தேர்வு, கம்பெனி விபிஎன் (பாதுகாப்பான தனி இணைப்பு) வழியாக மட்டுமே திறக்கும் சாஃப்ட்வேர், இவற்றுக்கெல்லாம் லேப்டாப்தான். பட்டியலில் இவற்றில் ஒன்று இருந்தாலும் மேலே யோசிக்க வேண்டியதில்லை. ஆனால் வெறும் பிரிண்ட் எடுப்பதற்காக லேப்டாப் சுமக்க வேண்டாம். கோப்பைப் பிடிஎஃப்பாக மாற்றிப் போனிலும் மெயிலிலும் வைத்துக்கொண்டால் எந்த ஊர் ஜெராக்ஸ் கடையிலும் எடுத்துவிடலாம்.

ரயிலில் போகிறவர்களுக்கு

எந்த வண்டி என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். நாகர்கோவில் – எழும்பூர் வந்தே பாரத் பகல் வண்டி. ஒன்பது மணி நேரத்தை ஒட்டிய பயணம், இருக்கைக்கு முன்னால் மடக்கு மேசை, பக்கத்தில் பிளக் பாயிண்ட். அதில் லேப்டாப் உண்மையிலேயே வேலைக்கு ஆகும். ஓடும் வண்டியில் நெட் விட்டுவிட்டுத்தான் வரும் என்பதால், தேவையான கோப்புகளை முந்தைய இரவே லேப்டாப்பில் இறக்கி வைத்துவிடுங்கள்.

கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ், அனந்தபுரி மாதிரி இரவு வண்டிகளில் கதை வேறு. இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை பெட்டிகளில் சார்ஜிங் பாயிண்டுக்குக் கரண்ட் கொடுக்கக் கூடாது என்பது ரயில்வே விதி. தீ விபத்தைத் தடுக்க வந்த ஏற்பாடு இது. ராத்திரி சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று ஏறினால் காலையில் எழும்பூரில் செத்த பேட்டரியோடுதான் இறங்க வேண்டும். வீட்டிலேயே முழுதாக ஏற்றிவிட்டு, பையிலிருந்து எடுக்காமல் போங்கள்.

இன்னொன்று. ரயில் பெட்டிகளில் பெரும்பாலும் 110 வோல்ட்தான் வரும். உங்கள் சார்ஜர் அடாப்டரின் முதுகில் பொடி எழுத்தில் "இன்புட்" என்ற வரி இருக்கும். அங்கே 100–240 என்று போட்டிருந்தால் கவலையில்லை. விலை குறைவு என்று வாங்கிய டூப்ளிகேட் சார்ஜர் சிலவற்றில் 220–240 என்று மட்டும் இருக்கும். அவை ரயிலில் சார்ஜ் ஏற்றாது, லேப்டாப்பில் கோளாறு என்று நினைத்துப் பயப்படுவீர்கள். மூன்று பின் பிளக் அந்தப் பாயிண்டில் இறுக்கமாக நிற்காமல் வண்டி ஆட்டத்தில் கழன்று விழுவதும் வழக்கம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

கன்னியாகுமரி – திப்ருகர் விவேக் எக்ஸ்பிரஸ், ஹிம்சாகர் போன்ற மூன்று நாள் வண்டிகளில் லேப்டாப்புக்கு வலுவான காரணம் வேண்டும். 4,000 கிலோமீட்டரை ஒட்டிய ஓட்டத்தில் நீங்கள் தூங்கும் ஒவ்வொரு இரவும் அதற்கு ஆபத்து. கொண்டுபோயே ஆக வேண்டுமென்றால் தலைக்குக் கீழே வைத்துப் படுங்கள். பெரிய பையைக் கீழ் பெர்த்துக்கு அடியில் இருக்கும் வளையத்தில் சங்கிலி போட்டுப் பூட்டுங்கள், லேப்டாப்பை மட்டும் அதில் வைக்காதீர்கள்.

திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுகிறவர்களுக்கு

உள்நாட்டு விமானத்தில் கைப்பைக்குப் பொதுவாக 7 கிலோ. லேப்டாப்பும் சார்ஜரும் அதில் ஏறத்தாழ இரண்டு கிலோவைத் தின்றுவிடும். லேப்டாப் பையைத் தனியாக அனுமதிப்பார்களா என்பதை டிக்கெட் விதியில் முதலிலேயே பாருங்கள். பாதுகாப்புச் சோதனையில் லேப்டாப்பை வெளியே எடுத்துத் தனி டிரேயில் வைக்கச் சொல்வார்கள். ஆகவே துணிக்கு அடியில் புதைக்காமல் மேலாக வையுங்கள்.

பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது. 100 வாட்-அவர் (பேட்டரி தாங்கும் மின்சார அளவு) வரை பிரச்சினை இல்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி தேவை. அதற்கு மேல் கிடையவே கிடையாது. கணக்கு எளிது: எம்ஏஎச் எண்ணை வோல்ட்டால் பெருக்கி 1000-ஆல் வகுங்கள். 20,000 எம்ஏஎச், 3.7 வோல்ட் என்றால் 74 வாட்-அவர். 30,000 என்றால் 111, அனுமதி இல்லையென்றால் வாங்கி வைத்துவிடுவார்கள். லேப்டாப் பேட்டரிக்கும் அதே கணக்குதான். 11.4 வோல்ட், 3,650 எம்ஏஎச் என்றால் ஏறத்தாழ 42.

வளைகுடாவுக்குப் போகிறவர்கள் பிளக்கை மறந்துவிடுகிறார்கள். துபாய், கத்தார், குவைத், ஓமன் எல்லாவற்றிலும் சதுர முனை கொண்ட மூன்று பின் பாயிண்ட். நம் உருண்டைப் பின் அதில் போகாது. ஒரு மாற்று பிளக்கை இங்கேயே எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் வாங்கிவிடலாம். திரும்பி வரும்போது 18 வயது நிரம்பிய பயணி ஒருவருக்கு ஒரு லேப்டாப்புக்குச் சுங்கவரி இல்லை. உங்களுடையதையும் சொந்தக்காரர் தம்பிக்கு வாங்கிக் கொடுத்ததையும் சேர்த்து இரண்டாகக் கொண்டுவந்தால் கேள்வி வரும். ஆபீஸ் லேப்டாப் என்றால் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக ஐடி பிரிவின் அனுமதியை மெயிலில் எழுத்தாக வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து லாகின் ஆகாமல் பூட்டி வைத்திருக்கும் கம்பெனிகள் உண்டு, அங்கே போய் இறங்கியபிறகுதான் அது தெரியவரும்.

ஆஸ்பத்திரி, கோவில், படகு

திருவனந்தபுரத்துக்கு வைத்தியத்துக்குப் போகிறவருக்குத் துணையாகப் போகிறீர்கள் என்றால் லேப்டாப் வேண்டவே வேண்டாம். மருந்துச் சீட்டு, ஸ்கேன், பில் கவுண்டர் என்று நீங்கள் ஓடிக்கொண்டே இருப்பீர்கள். வார்டில் விட்டுப் போகவும் முடியாது, தோளில் போட்டுக்கொண்டு நோயாளியைத் தாங்கவும் முடியாது. அந்தக் கைகள் காலியாக இருக்கட்டும்.

சுசீந்திரம், குமரி பகவதியம்மன், பத்மநாபசுவாமி எனக் கோவில் பார்க்கும் நாளிலும் அப்படியே. போனையே உள்ளே விடாத இடத்தில் லேப்டாப்பை யாரிடம் கொடுப்பீர்கள்? காரில் விட்டால் வெயிலில் பேட்டரி வேகும். விவேகானந்தர் பாறைக்குப் படகில் போவதானால் அறையில் பூட்டிவிட்டே போங்கள். நெரிசலில் ஏறி இறங்கும்போது ஒரு கை கம்பியைப் பிடிக்க வேண்டும், அலை தெறித்தால் படுவது உப்புத் தண்ணீர்.

பேச்சிப்பாறை, கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் மலையேறினால் சிக்னல் விட்டுவிட்டுத்தான். நெட்டை நம்பிய வேலைக்கு அங்கே லேப்டாப் வெறும் தகடு.

மழையும் உப்பும்

நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு ஊர் வருகிறவர்கள் மழையோடுதான் வருகிறார்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படியொரு நேரத்தில் 50 வாட்-அவர் லேப்டாப் பேட்டரி ஒரு வேலைநாளுக்கே போதாது. லேப்டாப்பைவிட எடை மிகக் குறைந்த 20,000 எம்ஏஎச் பவர் பேங்க், இழப்பு போக, 5,000 எம்ஏஎச் போனை இரண்டரைத் தடவைக்குக் குறையாமல் நிரப்பும். புயல் எச்சரிக்கை இருக்கும் வாரத்தில் எதை எடுப்பது என்பதற்கு இதுவே பதில்.

முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் என்று கடலை ஒட்டிய வீட்டில் தங்கினால் காற்றில் வரும் உப்பு மெதுவாகக் கெடுக்கும். அடிப்பக்கத் திருகாணிகளின் பள்ளத்தைப் பாருங்கள். முதலில் அங்கே செம்புள்ளியாகத் துரு தெரியும், பிறகு சார்ஜர் குத்தும் ஓட்டைக்குள் வெளுத்தோ பச்சையாகவோ களிம்பு. அந்தக் களிம்பு வந்தபின் சார்ஜரை அசைத்தால்தான் ஏறும். கடற்கரைத் திண்ணையில் உட்கார்ந்து வேலை பார்க்காதீர்கள், ஃபேன் உப்பையும் மணலையும் உள்ளே இழுத்துவிடும். வேலை முடிந்ததும் அணைத்து, நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் மேல்பக்கத்தைத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி, பைக்குள் வையுங்கள். ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் திறக்காதீர்கள். குளிர்ந்த உலோகத்தில் ஈரக்காற்று வியர்க்கும். பைக்குள்ளேயே அரை மணி நேரம் இருக்கட்டும்.

எடுப்பது என்று முடிவானால்

மூடிவிட்டுப் பையில் போடாதீர்கள், ஷட் டவுன் செய்யுங்கள். தூக்க நிலையில் இருக்கும் லேப்டாப் அப்டேட்டுக்காகத் தானாக விழித்து, காற்றில்லாத பைக்குள் சூடேறி, போய்ச் சேரும்போது பேட்டரி காலியாகிவிடும். பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் உள்ள லேப்டாப்புக்கு இது இன்னும் முக்கியம். ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க் ஒரு பஸ் குலுக்கலிலேயே கீறல் விழுந்து போகலாம். சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி என்றால் அந்தப் பயமில்லை.

பையின் "வாட்டர்ப்ரூஃப்" சீட்டை நம்பாமல், கனமான பாலித்தீன் கவருக்குள் லேப்டாப்பை வைத்து வாயை இரண்டு மடிப்பு மடித்து, அதன்பிறகு பைக்குள் வையுங்கள். தண்ணீர் பாட்டிலும் குழம்பு டப்பாவும் வேறு பையில். ஆம்னி பஸ்ஸின் அடி டிக்கியில் ஒருபோதும் வேண்டாம், மடியிலோ கால்களுக்கு நடுவிலோ வையுங்கள்.

உங்கள் லேப்டாப் யூஎஸ்பி சி வழியாகச் சார்ஜ் ஏறுமானால், ஒரு 65 வாட் சார்ஜர் போனுக்கும் சேர்த்துப் போதும், சுமை குறையும். 18 வாட் போன் சார்ஜரை லேப்டாப்பில் குத்தினால் ஏறாது, அல்லது மிக மெதுவாக ஏறும். உருண்டை முனை சார்ஜர் என்றால் அதையே எடுத்தாக வேண்டும்.

கிளம்பும் முந்தைய நாள் எல்லாக் கோப்பையும் வெளி டிஸ்க்கில் நகலெடுத்து வீட்டில் வையுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணைப் படமெடுத்துப் போனிலும் மெயிலிலும் வையுங்கள். தொலைந்த போனை ஐஎம்இஐ என்ற அடையாள எண்ணை வைத்து முடக்கும் அரசு வசதி லேப்டாப்புக்குக் கிடையாது, புகார் கொடுக்கும்போது உங்கள் கையில் இருக்கும் ஒரே அடையாளம் அந்த எண்தான். ரயிலில் தொலைந்தால் உடனே 139-ஐ அழையுங்கள். விண்டோஸில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் வசதி) போட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வீட்டில் வையுங்கள், லேப்டாப் பையில் அல்ல.

வீட்டில் விட்டுப் போவதென்றால்

பேட்டரியை 50, 60 சதவீதத்தில் நிறுத்துங்கள். முழுதாக ஏற்றியோ முழுதாக இறக்கியோ வாரக்கணக்கில் வைத்தால் அதன் ஆயுள் குறையும். சார்ஜரையும் மோடத்தையும் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் விழும் இடிக்கு ஸ்விட்சை அணைப்பது மட்டும் பாதுகாப்பில்லை. பீரோவின் நடுத்தட்டில், சுவரை ஒட்டாமல், பருத்தித் துணியில் சுற்றி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு மூன்றோடு வையுங்கள். கீழ்த்தட்டு வேண்டாம், மழைக்காலத்தில் தரையின் ஈரமும் கரையானும் முதலில் அங்கேதான் ஏறும்.