ஸ்லோ குக்கர்: அவசரப்படுவதால் வரும் தவறுகள்

குழம்பு தண்ணீராக நிற்கிறது, இறைச்சி சக்கையாகிவிட்டது, கேரட் வேகவே இல்லை. மெல்லிய சூட்டில் மணிக்கணக்காகச் சமைக்கும் மின்சாரப் பாத்திரமான ஸ்லோ குக்கரைப் பற்றிய புகார்கள் பெரும்பாலும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். அடுப்பில் சமைக்கிற கைப்பழக்கத்தோடு இதையும் கையாள்வதால்தான் இவ்வளவும். நடுத்தர அளவுள்ள ஸ்லோ குக்கர் 200 முதல் 300 வாட் மின்சாரத்தில் ஓடுகிறது. அந்தச் சூட்டில் பாத்திரம் கொதிநிலையை நெருங்க, 'ஹை' (வேகமாகச் சூடேறும்) நிலையில் வைத்தால் மூன்று நான்கு மணி நேரம், 'லோ' (மெதுவாகச் சூடேறும்) நிலையில் வைத்தால் ஏழெட்டு மணி நேரம் ஆகும். பெரும்பாலான மாடல்களில் இரண்டும் கடைசியில் கிட்டத்தட்ட ஒரே சூட்டுக்குத்தான் வந்து நிற்கும். போய்ச் சேரும் வேகம்தான் வேறு.

வாங்கும்போதே ஒரு தவறு நடந்துவிடுகிறது. எதற்கும் இருக்கட்டும் என்று பெரியதாக வாங்குகிறோம். பாதிக்கும் குறைவாக நிரப்பினால் ஓரம் காய்ந்து அடிப்பிடிக்கும். விளிம்பு வரை நிரப்பினால் நடுப்பகுதி வேகாது. பாதிக்கு மேல், முக்கால் பாகத்துக்குள் இருப்பதே சரி. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 3.5 முதல் 4.5 லிட்டர் வரை தாராளம். வேலைக்குப் போகிறவர்கள் வாங்கினால், நேரம் முடிந்ததும் தானாக 'வார்ம்' நிலைக்கு மாறும் மாடலாகப் பாருங்கள். அந்த ஒரு வசதிக்காகக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்கலாம்.

சூடு மெல்ல ஏறுகிறது என்பதை மறந்தால் ருசி மட்டுமல்ல, உடம்பும் கெடும். 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கிருமிகள் வேகமாகப் பெருகும். ஃப்ரீசரில் இருந்து எடுத்த கட்டி இறைச்சியை அப்படியே போட்டால் அது அந்த எல்லைக்குள் மணிக்கணக்கில் கிடக்கும். முதல் நாளே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உறைநிலை போகவிட்டு, அப்புறம் போடுங்கள். மீந்த குழம்பை இதிலேயே சூடாக்குவதும் கூடாது. அடுப்பில் நன்றாகக் கொதிக்கவைத்த பிறகு வேண்டுமானால் இதில் சூடாக வைத்துக்கொள்ளலாம். வார்ம் நிலையும் வெந்ததைச் சூடாக வைக்கத்தான், வேகவைக்க அல்ல. நாம் வெளியே இருக்கும்போது நெடுநேரம் மின்சாரம் போயிருந்தது தெரிந்தால், பார்வைக்கு நன்றாக இருந்தாலும் அந்தச் சாப்பாட்டைக் கொட்டிவிட வேண்டும். மனசு கேட்காதுதான், ஆனாலும் கொட்டிவிடுங்கள்.

எல்லாவற்றையும் விட நான் அழுத்திச் சொல்ல நினைப்பது ராஜ்மா பற்றி. ஸ்லோ குக்கரின் முன்னோடியை உருவாக்கிய இர்விங் நாக்சன், 1940-ல் காப்புரிமை பெற்ற தன் கருவியை 'நாக்சன் பீனரி' என்ற பெயரில் விற்றார். பெயரிலேயே பீன்ஸ் இருக்கிறது. ஆனால் வேகாத ராஜ்மாவை நேரடியாக இதில் வேகவைப்பது ஆபத்து. அதில் பைட்டோஹீமக்ளூட்டினின் என்ற நச்சுப் புரதம் இருக்கிறது. கொதிக்கிற சூட்டில்தான் அது அழியும். 80 டிகிரி அளவில் அரைகுறையாக வெந்தால் பச்சையாக இருந்ததைவிட நச்சு கூடவும் செய்யலாம். சில மணி நேரத்திலேயே வாந்தியும் வயிற்றுப்போக்கும் பிடித்துக்கொள்ளும். அதனால் ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அடுப்பில் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். பத்து நிமிடம் என்பது குறைந்தபட்சம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 30 நிமிடம் என்கிறது. அதற்குப் பிறகே குக்கருக்குள் போகலாம்.

இனி மூடி. ஆவி மேலே போய் மூடியில் படிந்து, வழிந்து, விளிம்பைச் சுற்றி மெல்லிய நீர்வளையமாக நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். சூடு வெளியேறாமல் அடைத்து வைப்பது அதுதான். 'வெந்துவிட்டதா' என்று ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்த அடைப்பு உடைகிறது. இழந்த சூட்டைத் திரும்பப் பிடிக்க இருபது முப்பது நிமிடம் பிடிக்கும். கண்ணாடி மூடிதானே, வெளியிலிருந்தே பாருங்கள். அதே காரணத்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் அதிகம் வற்றாது. அடுப்புக்கு ஊற்றுவதில் மூன்றில் ஒரு பங்கையாவது குறைத்துவிடுங்கள்.

சூடு வருவது அடியிலிருந்தும் பக்கங்களிலிருந்தும். எனவே கேரட், உருளைக்கிழங்கை ஒரே அளவாக, கொஞ்சம் சிறியதாக நறுக்கி அடியில் பரப்புங்கள். இறைச்சி அதன் மேல். கொழுப்பில்லாத கோழி நெஞ்சுக்கறி எட்டு மணி நேரம் கிடந்தால் நார்நாராகி உலர்ந்துபோகும். தொடை, காலோடு சேர்ந்த சதை, எலும்புக்கறி ஆகியவற்றில் உள்ள கொலாஜன் மெல்லக் கரைந்து ஜெலட்டினாவதால் பூப்போல வரும். இந்தக் கருவிக்கென்றே படைத்தது மாதிரி இருக்கும். வாணலியில் முதலில் வதக்கிச் சிவக்க வைத்தால் மணம் கூடும், ஏனென்றால் அந்த அளவு சூடு குக்கருக்குள் வராது. பால், தயிர், க்ரீம், மீன், இலைகள் எல்லாம் கடைசி அரைமணியில் சேர்த்தால் போதும்.

சூடான பீங்கான் பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும்.

பழைய குக்கரோ, யாரோ கொடுத்ததோ கைக்கு வந்தால் உடனே சமைத்துவிட வேண்டாம். பாதியளவு தண்ணீர் ஊற்றி, மூடி, லோவில் எட்டு மணி நேரம் வையுங்கள். மூடியைத் திறந்த உடனே சமையல் தெர்மாமீட்டரால் அளந்து பாருங்கள். 85 டிகிரிக்குக் குறைவாக இருந்தால் அதில் சமைக்காதீர்கள்.