ஐரோப்பாவுக்குப் போகும் தகர டப்பா: கொங்கு நாட்டு ஏற்றுமதியாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

பொள்ளாச்சியிலிருந்து தேங்காய்ப்பாலையும் இளநீரையும், காங்கேயத்திலிருந்து தேங்காய் எண்ணெயையும், ஈரோட்டிலிருந்து மஞ்சள் தூளையும் உலோக டப்பாக்களில் அடைத்து ஐரோப்பாவுக்கு அனுப்புவோர், இதுவரை டப்பாவுக்குள் இருக்கும் சரக்குக்குத்தான் ஆய்வுச் சான்றிதழ் வாங்கிப் பழகியிருக்கிறார்கள். இனி அந்த டப்பாவுக்கும் தனிக் கோப்பு வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2025/40 எண் கொண்ட பேக்கிங் ஒழுங்குமுறை 2025 பிப்ரவரி 11 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் பொதுவான விதிகள் 2026 ஆகஸ்ட் 12 முதல் பொருந்துகின்றன. 1994-இல் வந்த பழைய சட்டம் ஒவ்வொரு நாடும் தனக்கேற்பச் சட்டம் இயற்றிக்கொள்ள இடம் தந்தது. புதியது 27 நாடுகளிலும் நேரடியாகச் செல்லும். லண்டன் வாடிக்கையாளரையும் இதே கணக்கில் சேர்த்துவிட வேண்டாம்; பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறிவிட்டதால் அங்கே விதிகள் வேறு.

உலோகம் மறுசுழற்சிக்கு ஏற்ற பொருள் என்பதால் நமக்குக் கவலை இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அதில் பாதி உண்மை. ஐரோப்பாவில் இரும்பு பேக்கிங்கில் 2025-க்குள் 70 விழுக்காடும் 2030-க்குள் 80 விழுக்காடும், அலுமினியத்தில் முறையே 50, 60 விழுக்காடும் மறுசுழற்சி ஆக வேண்டும் என்பது இலக்கு. தகரத்தைக் குப்பையிலிருந்து காந்தம் எடுத்துவிடும். அலுமினியத்தை, சுழலும் காந்தப்புலம் அதற்குள் மின்சுழிகளை உண்டாக்கித் தனியே எகிறச் செய்துவிடும். பழைய அலுமினியத்தை உருக்கப் புதிதாக எடுப்பதற்கு ஆகும் ஆற்றலில் ஏறத்தாழ 5 விழுக்காடே போதும். ஆனால் உலோகத்தோடு ஒட்டிக்கொண்டு போகும் மற்றவைதாம் சிக்கல். கோயம்புத்தூரில் பம்புசெட் வார்ப்படம் செய்பவர்களிடம் கேட்டால் இது எளிதில் விளங்கும். குளிர்பான கேனின் உடல் மாங்கனீசும் மக்னீசியமும் தலா சுமார் ஒரு விழுக்காடு கலந்த உலோகக்கலவை. மூடியிலோ மக்னீசியம் மட்டுமே நாலரை விழுக்காடு வரை இருக்கும். அவற்றைச் சிலிக்கான் மிகுந்த வார்ப்பு உலோகத்தோடு சேர்த்து உருக்கினால் பம்பு உறை கிடைக்கும். மறுபடி கேன் கிடைக்காது. கேன் மீண்டும் கேனாகவே திரும்ப வேண்டும் என்பதுதான் சுழற்சிப் பொருளாதாரம் என்று ஐரோப்பியர்கள் சொல்வதன் உட்பொருள், ஆகவே எதனோடு எது கலக்கிறது என்பதில் அவர்களுக்கு அத்தனை கண்டிப்பு.

முதலில் பார்க்க வேண்டியது டப்பாவின் மேல் யாருடைய பெயர் இருக்கிறது என்பதை. நம்முடைய பிராண்டு அச்சிடப்பட்டிருந்தால், டப்பாவை வேறொரு தொழிற்சாலை செய்து கொடுத்திருந்தாலும், சட்டத்தின் பார்வையில் பேக்கிங்கின் தயாரிப்பாளர் நாம்தான். தொழில்நுட்ப ஆவணத்தைத் தயாரித்து, டப்பா விதிப்படி இருக்கிறது என்னும் இணக்க உறுதிமொழியில் கையெழுத்திட்டு, டப்பாவில் தொகுதி எண்ணையும் நம் முகவரியையும் குறிக்கும் பொறுப்பு நம்முடையது. வாங்குபவரின் பிராண்டில் அடைத்துக் கொடுத்தால் அப்பொறுப்பு அவரைச் சேரும். இருந்தாலும் தகவலை அவர் நம்மிடம்தான் கேட்பார். எந்த ஆர்டர் எந்த வகை என்று பிரித்து ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஒரு காலி டப்பாவை எடுத்துப் பிரித்துப் போட்டு, ஒவ்வொரு பாகத்தையும் கிராம் கணக்கில் எடை போடுங்கள்: உடல், மேல்மூடி, கீழ்மூடி, இழுத்துத் திறக்கும் வளையம், பிளாஸ்டிக் மேல்தொப்பி, லேபிள், வெளி அட்டைப்பெட்டி. சமையலறைத் தராசு போதாது. நகைக்கடையில் இருப்பது போன்ற தராசு வேண்டும். மறுசுழற்சித் தகுதியை எடைக்கணக்கில் 95 விழுக்காட்டுக்கு மேல் ஏ, 80-க்கு மேல் பி, 70-க்கு மேல் சி என்று தரம் பிரிக்க இருக்கிறார்கள். 2030 முதல் சி தரத்துக்கும் கீழே உள்ளவை சந்தைக்குள் நுழைய முடியாது. 2038 முதல் சி தரமும் போய்விடும். விரிவான வடிவமைப்பு அளவுகோல்களை ஐரோப்பிய ஆணையம் 2028 ஜனவரி 1-க்குள் வெளியிட வேண்டும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. அலுமினியக் கேன் முழுவதையும் மூடும் பிளாஸ்டிக் சுருங்கு உறையை இப்போதே விட்டுவிடலாம். சிறிய ஆர்டருக்கு அச்சிட்ட கேன் கிடைக்காததால் நம் பக்கம் இந்த உறையைப் போடும் வழக்கம் பரவியிருக்கிறது, ஆனால் உருக்கும் உலையில் அது எரிந்து தொந்தரவு தரும். ஆர்டர் அளவைக் கூட்டிக்கொண்டாவது நேரடி அச்சுக்குப் போவது நல்லது என்பது என் கருத்து.

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் டப்பாவின் உள்பூச்சு. உணவு தகரத்தைத் தொடாமல் இருக்கப் பூசும் எப்பாக்ஸி லாக்கர் நெடுங்காலமாக பிஸ்ஃபீனால் ஏ என்ற பொருளிலிருந்து செய்யப்பட்டது. 2023 ஏப்ரலில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், ஒருவர் நாளொன்றுக்கு உட்கொள்ளத்தக்க அதன் அளவை உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 4 மைக்ரோகிராமிலிருந்து 0.2 நானோகிராமாக, அதாவது 20,000 மடங்கு குறைத்தது. அதன் தொடர்ச்சியாக வந்த 2024/3190 ஒழுங்குமுறை உணவைத் தொடும் பூச்சுகளில் அதைத் தடைசெய்கிறது. பழைய பூச்சு உள்ள, ஒருமுறை மட்டும் பயன்படும் டப்பாக்களுக்குப் பொதுவாக 2026 ஜூலை 20 வரை அவகாசம். பழம், காய்கறி, மீன் ஆகியவற்றைப் பாதுகாக்கும் டப்பாக்களுக்கு மட்டும் 2028 ஜனவரி 20 வரை. தேங்காய்ப்பால் எந்த வகையில் சேரும் என்று நாமே முடிவுகட்டாமல், முன்னதாக வரும் தேதியையே நமக்கு உரியதாகக் கொள்வது பாதுகாப்பு. டப்பா தயாரிப்பாளரிடம் “பிஸ்ஃபீனால் இல்லை” என்ற ஒற்றை வரிக் கடிதம் வாங்கினால் போதாது. உட்புற லாக்கரின் பெயர், அதைச் செய்த நிறுவனம், இந்த ஒழுங்குமுறைக்கான இணக்கச் சான்று, நம் சரக்கைப் போலவே கொழுப்பும் சூடும் உள்ள நிலையில், பூச்சிலிருந்து உணவுக்குள் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க நடத்திய இடம்பெயர்வுச் சோதனையின் முடிவு ஆகிய நான்கையும் கேளுங்கள். தேங்காய்ப்பால் டப்பாவை மூடியபின் ரிடார்ட் என்னும் அழுத்தக் கலனில் வேக வைக்கிறோம். உலர்ந்த மஞ்சள் தூளுக்குச் செய்த சோதனை அதற்குப் பொருந்தாது.

ஈயம், காட்மியம், பாதரசம், ஆறிணைதிறக் குரோமியம் நான்கும் சேர்ந்து பேக்கிங்கில் கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. பக்கத் தையல் ஈயப் பற்றாசா, மின்பற்றவைப்பா என்று டப்பா தயாரிப்பாளரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். உணவுக்குள் இறங்கும் வெள்ளீயத்துக்கு டப்பா உணவில் கிலோவுக்கு 200, பானத்தில் 100 மில்லிகிராம் என்பது வரம்பு. எண்ணெய்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: ஒருமுறை பயன்படுத்திய டின்னில் மறுபடி சமையல் எண்ணெய் நிரப்புவது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படியே குற்றம். மறுபயன்பாட்டுக்கு ஐரோப்பியச் சட்டம் முன்னுரிமை தருகிறது என்பதை அதற்குச் சாக்காகச் சொல்ல முடியாது.

இளநீர் கேன் அனுப்புவோருக்குக் கூடுதல் வேலை உண்டு. டாஸ்மாக் கடையில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு காலிப் பாட்டிலைக் கொடுத்ததும் திருப்பித் தருவது 2022-இல் நீலகிரியில் தொடங்கிப் பின் கோவைக்கும் வந்த திட்டம். ஐரோப்பாவின் பல நாடுகளில் அதே ஏற்பாடு கேனுக்கும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் இருக்கிறது. ஜெர்மனியில் 25 சென்ட் முன்பணம், 2022 முதல் சாறு கேன்களுக்கும் சேர்த்து. அயர்லாந்து 2024 பிப்ரவரியிலும் ஆஸ்திரியா 2025 ஜனவரியிலும் தொடங்கின. 2029-க்குள் மூன்று லிட்டர் வரையிலான உலோகப் பானக் கலன்களில் 90 விழுக்காட்டைத் தனியே திரட்ட வேண்டும் என்பதே புதிய சட்டம். அந்தந்த நாட்டின் முன்பணக் குறியும் பதிவு செய்த பார்கோடும் இல்லாத கேனை இயந்திரம் வாங்காது, கடைக்காரரும் அடுக்கில் வைக்க மாட்டார். ஆகவே நாடு முடிவாகாமல் கேன் அச்சிடக்கூடாது.

பேக்கிங் குப்பைக்கான கட்டணத்தை வழக்கமாக இறக்குமதியாளரே கட்டுவார். ஜெர்மனியில் அவர் லூசிட் என்னும் பேக்கிங் பதிவேட்டில் இருக்கிறாரா என்பதை இணையத்தில் எவரும் பார்க்கலாம். நாம் இணையம்வழி நேராக வீட்டுக்கு விற்றால் பொறுப்பு நம் தலையில் விழும், ஒவ்வொரு நாட்டிலும் பிரதிநிதியை நியமிக்க வேண்டிவரும். சிறு அளவில் செய்வோருக்கு இது கட்டுப்படியாகாது.

திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்கு ஆடிட் கோப்பு வைப்பது கைப்பழக்கம். அவர்களில் தெரிந்தவர் இருந்தால் ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ஒவ்வொரு டப்பா வகைக்கும் ஒரு கோப்பு, அதில் வரைபடம், எடைப்பட்டியல், பூச்சுச் சான்று, சோதனை முடிவு, உறுதிமொழி; ஒருமுறை மட்டும் பயன்படும் பேக்கிங்குக்கு ஐந்து ஆண்டுகள் அவற்றைப் பாதுகாக்க வேண்டும். காகிதம், கண்ணாடி, உலோக பேக்கிங்குக்கு உற்பத்தியாளர் பொறுப்பை வகுக்கும் வரைவு விதிகளை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமும் 2024 டிசம்பரில் வெளியிட்டது, அதே எடைப்பட்டியல் இங்கேயும் பயன்படும். வெளிப்பெட்டியில் காலியிடம் 2030 முதல் பாதிக்கு மேல் இருக்கக்கூடாது. இடையில் திணிக்கும் காகிதத் துண்டும் காற்றுப்பையும் காலியிடமாகவே எண்ணப்படும். எனவே அடுத்த அட்டைப்பெட்டி அச்சுக்குக் கொடுக்கும்போதே உள்ளளவை டப்பாவின் அளவுக்கு இறுக்கிக் கொடுத்துவிடுங்கள்.