கரியமில வாயு தீயணைப்பான்: ஊசியை இழுக்கும் முன் வாசலைப் பாருங்கள்

தீயணைப்புப் பயிற்சி வகுப்புகளில் புதியவர்கள் கேட்கும் முதல் கேள்வி, 'இதை எப்படி அடிப்பது?' என்பதுதான். அடித்து முடித்த பிறகு அந்த அறையில் எதைச் சுவாசிப்பேன் என்று அநேகமாக யாரும் கேட்பதில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிறது. தீயை அணைக்கும் அதே வாயு, அணைப்பவரையும் மயங்கி விழச் செய்யும். அதைத் தெரிந்துகொண்டு கையாண்டால், மின்தீக்கு இதைவிடச் சுத்தமான கருவி கிடைப்பது அரிது. தூள் படியாது, ஈரம் இராது, கருவிகள் பாழாகாது.

கையில் இருப்பது எது என்று பாருங்கள்

மின்பலகைக்குப் பக்கத்திலும், சர்வர் அறை வாசலிலும், ஆய்வகத்திலும் தொங்கும் சிவப்பு உருளைகள் எல்லாம் ஒன்றல்ல. குழாயின் முனையில் அகன்ற கறுப்புக் கூம்பு இருந்து, அழுத்தம் காட்டும் முள் இல்லாமல் இருந்தால் அது கரியமில வாயு தீயணைப்பான். சிஓ2 சிலிண்டர் என்றுதான் பலரும் சொல்வார்கள். உலர்தூள் தீயணைப்பானில் பச்சைப் பகுதியில் நிற்கும் முள் இருக்கும். அதன் முனை சிறியது. உருளையில் ஒட்டியிருக்கும் விவரத்தையும் ஒருமுறை நின்று படித்துவிடுங்கள். தீப்பிடித்த பிறகு யாருக்கும் படிக்க நேரம் இருக்காது.

நம் அலுவலகங்களில் அதிகம் காணப்படுவது 4.5 கிலோ அளவு. அந்த 4.5 கிலோ என்பது உள்ளே இருக்கும் வாயுவின் எடை மட்டுமே. எஃகு உருளையின் எடை தனி. ஆகவே தூக்கும்போது எதிர்பார்த்ததைவிடக் கனக்கும்.

பத்துக்குப் பத்து அறையின் கணக்கு

ஒரு கிலோ கரியமில வாயு வெளியே வந்ததும் அரை கன மீட்டருக்குச் சற்று அதிகமான இடத்தை நிரப்பும். 4.5 கிலோ உருளையைக் காலி செய்தால் ஏறத்தாழ 2.5 கன மீட்டர். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் உள்ள அறையின் கொள்ளளவு 28 கன மீட்டர். கதவைச் சாத்திக்கொண்டு அங்கே ஒரு உருளையை முழுவதும் அடித்தால், காற்றில் கரியமில வாயு 8 சதவீதத்தைத் தாண்டிவிடும். நாம் வழக்கமாகச் சுவாசிக்கும் வெளிக்காற்றில் அது வெறும் 0.04 சதவீதம்.

8 சதவீதம் என்பது எவ்வளவு பெரிய எண்? எட்டு மணி நேர வேலைக்குப் பொதுவாக ஏற்கப்படும் உச்சவரம்பு 0.5 சதவீதம், அதாவது 5,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 5,000 பங்கு). 3 சதவீதத்தில் மூச்சு வேகமெடுக்கும், தலை வலிக்கும். 4 சதவீதத்தை, உயிருக்கு உடனடி ஆபத்தான அளவு என்று அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வகுத்திருக்கிறது. 7 முதல் 10 சதவீதத்தில் தலைசுற்றல், பார்வை மங்கல், காதில் இரைச்சல் எல்லாம் வந்து சில நிமிடங்களிலேயே நினைவு தப்பலாம். 17 சதவீதத்துக்கு மேல் ஒரு நிமிடத்துக்குள் மயக்கம், அதைத் தொடர்ந்து மரணம்.

இந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. அறை முழுவதும் சமமாகக் கலக்கும் வரை காத்திருக்காது; தரையோடு தவழ்ந்து பள்ளத்தைத் தேடும். கேபிள் பள்ளம், அடித்தளம், கீழ்நிலைத் தொட்டி போன்ற இடங்களில் கணக்கில் வந்த சதவீதத்தைவிட அதிகமாகத் தேங்கி நிற்கும். 1986 ஆகஸ்டில் கேமரூன் நாட்டின் நியோஸ் ஏரியிலிருந்து வெளியேறிய கரியமில வாயு இப்படித்தான் பள்ளத்தாக்குகளில் வழிந்து இறங்கி, ஏறத்தாழ 1,700 பேரின் உயிரைக் குடித்தது. புகை சூழ்ந்தால் குனிந்து போ என்று கற்றுக்கொண்டிருக்கிறோம். புகை இல்லாமல் இந்த வாயு மட்டும் நிறைந்த இடத்தில் குனிவதுதான் கெடுதல்.

ஆக்சிஜன் குறைவது மட்டும்தான் ஆபத்தா?

பெரும்பாலானோர் அப்படித்தான் நம்புகிறார்கள். தவறு. காற்றில் 10 சதவீதம் கரியமில வாயு கலந்தால், 21 சதவீதமாக இருந்த ஆக்சிஜன் ஏறத்தாழ 19 சதவீதமாகத்தான் இறங்கும். ஆக்சிஜனை மட்டும் அளக்கும் மீட்டரைப் பார்த்தால் நிலைமை அவ்வளவு மோசமில்லை என்று தோன்றும். ஆனால் அந்த அறையில் நிற்பவர் சில நிமிடங்களில் சாய்ந்துவிடுவார். காரணம், இந்த வாயு இரத்தத்தில் கரைந்து அதன் அமிலத்தன்மையைக் கூட்டுகிறது. மூளையையும் இதயத்தையும் நேரடியாகத் தாக்குகிறது. எனவே இத்தகைய இடத்துக்குள் நுழையும் முன் கரியமில வாயுவையே அளக்கும் மீட்டர் வேண்டும்.

நிறமில்லை, மணமில்லை. அடிக்கும்போது தெரியும் வெள்ளை மேகம் வாயு அல்ல. உறைந்த பனித்துகளும், குளிர்ந்து திரண்ட ஈரப்பதமும்தான் அது. மேகம் கலைந்த பிறகும் வாயு அங்கேயே நிற்கும்.

இனி, பயன்படுத்தும் முறை

படி 1: உதவிக்குக் குரல் கொடுங்கள். 101க்கு அழைக்கச் சொல்லுங்கள். தீ உங்கள் இடுப்புயரத்துக்கு மேல் எழுந்துவிட்டாலோ, அறையில் புகை நிறைந்துவிட்டாலோ கருவியைத் தொடவே வேண்டாம். வெளியேறிக் கதவைச் சாத்துங்கள்.

படி 2: வாசல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். வாசலுக்கும் உங்களுக்கும் நடுவே தீ வந்துவிடக் கூடாது. கதவு திறந்தே இருக்கட்டும். சன்னலில்லாத சிறிய அறையாக இருந்தால் உள்ளே போகாமல், வாசற்படியில் நின்றபடியே அடிக்க முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால், அது உங்கள் வேலை அல்ல.

படி 3: மின்தீ என்றால், எட்டும் தூரத்தில் இருந்தால் இணைப்பைத் துண்டியுங்கள். இந்த வாயு மின்சாரத்தைக் கடத்தாது என்பது உண்மைதான். ஆனால் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் வரை தீ மறுபடி மறுபடி பற்றும்.

படி 4: கூம்பைத் தீயை நோக்கி உயர்த்திவிட்டு ஊசியை, அதாவது கைப்பிடி அழுந்தாமல் தடுக்கும் பாதுகாப்புக் கம்பியை, இழுங்கள். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். பதற்றத்தில் ஒரு கை கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருக்கும். மறு கை ஊசியை இழுக்கும். கைப்பிடி அழுந்தியிருந்தால் ஊசி சிக்கிக்கொண்டு வராது. உருளையைத் தரையில் ஊன்றி, கைப்பிடியைத் தளர்த்தி, ஊசியை லேசாகத் திருகி இழுத்தால் பிளாஸ்டிக் முத்திரை அறுந்து வந்துவிடும்.

படி 5: தீயின் அடிப்பாகத்தைக் குறிவைத்து, இரண்டு மீட்டருக்குள் நின்று, கைப்பிடியை அழுத்தி, பக்கவாட்டில் வீசுங்கள். பெரிய இரைச்சல் கேட்கும். எதிர்பாராதவர்கள் திடுக்கிட்டு விட்டுவிடுவார்கள், அதனால் இதை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். உருளை பெரும்பாலும் அரை நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும்.

படி 6: அணைந்ததும் பின்னோக்கி நடந்து உடனே வெளியே வந்துவிடுங்கள். என்ன எரிந்தது என்று குனிந்து பார்க்காதீர்கள். இந்த வாயு பொருளைப் பெரிதாகக் குளிர்விப்பதில்லை. வாயு கலைந்ததும் கங்கு மீண்டும் பற்றலாம். அதை வெளியே நின்று கவனியுங்கள். அறையை நன்றாகக் காற்றோட்டம் செய்த பிறகே உள்ளே போக வேண்டும். மேலே இருக்கும் சன்னலைத் திறந்தால் மட்டும் போதாது, தரைமட்டத்துக் காற்று வெளியேற வழி வேண்டும்.

எங்கே அடிக்கக் கூடாது

விறகு, காகிதக் கட்டு, பஞ்சு ஆகியவற்றில் மேல் தீ அணையும், உள்கங்கு அணையாது. மெக்னீசியம், சோடியம் போன்ற உலோகத் தீயில் அடிக்கவே கூடாது. எரியும் மெக்னீசியம் கரியமில வாயுவிலும் தொடர்ந்து எரியும். கொதிக்கும் எண்ணெய் வாணலியில் அடித்தால் வேகத்தில் எண்ணெய் சிதறும். மனிதர் மேல் தீப்பற்றினால் போர்வையோ தண்ணீரோதான். முகத்துக்கு நேரே இந்த வாயுவை அடிப்பது மூச்சை அடைக்கும், தோலையும் உறையவைக்கும்.

தீப்பிடிக்காத பெட்ரோல் ஆவியில், முன்னெச்சரிக்கை என்று நினைத்து அடிப்பதும் ஆபத்து. பனித்துகள் விரைந்து வெளியேறும்போது நிலைமின்சாரம் உண்டாகும். அந்தப் பொறியே போதும். 1954இல் ஜெர்மனியின் பிட்பர்க்கில் ஒரு விமான எரிபொருள் தொட்டி, கரியமில வாயு அமைப்பைச் சோதிக்கும்போது வெடித்துப் பலர் இறந்தார்கள்.

குளிர் சுடும்

வெளிவரும் பனித்துகளின் வெப்பநிலை ஏறத்தாழ மைனஸ் 78 பாகை செல்சியஸ். ஒரே ஒரு முறை பயிற்சியில் அடித்துப் பார்த்தால் போதும். கூம்பின் விளிம்பு முழுவதும் வெண்பனி படிந்து, சுற்றியிருக்கும் ஈரக்காற்று அதன் மேல் உறைவது கண்ணெதிரே தெரியும். வெறுங்கையால் கூம்பைப் பிடித்தால் தோல் ஒட்டிக்கொள்ளும். அதற்கென்று இருக்கும் காப்புப் பிடியை மட்டும் பிடியுங்கள்.

தோல் உறைந்துபோனால் தேய்க்காதீர்கள், நெருப்பில் காட்டாதீர்கள். ஒட்டியிருப்பதைப் பிய்க்காதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, மருத்துவரிடம் செல்லுங்கள். கண்ணில் பட்டால் தண்ணீரால் கழுவியபடியே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால்

இதை எழுதும்போது எனக்குக் கை கனக்கிறது, ஏனென்றால் நல்ல மனம் உள்ளவர்கள்தான் இங்கே உயிரை விடுகிறார்கள். விழுந்தவரைத் தூக்கப் பாய்ந்து ஓடுகிறவர், அவர் பக்கத்திலேயே சாய்ந்துவிடுவார். மூச்சை அடக்கிக்கொண்டு போய்விடலாம் என்று எண்ணாதீர்கள். கனமான உடலை இழுக்கும்போது மூச்சு தானாக வாங்கும். துணி முகமூடியோ, வடிகட்டி பொருத்திய முகமூடியோ பயன்படாது. காற்று உருளையோடு கூடிய சுவாசக் கருவி அணிந்து பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே உள்ளே போக வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியவை: வெளியிலிருந்து கதவுகளை அகலத் திறப்பது, 101க்கும் 108க்கும் அழைப்பது, உள்ளே எத்தனை பேர் என்று தீயணைப்பு வீரர்களிடம் சொல்வது. வெளியே கொண்டுவந்ததும் நல்ல காற்றில் படுக்கவையுங்கள். மூச்சு இல்லையென்றால், பயிற்சி பெற்றவர் உடனே செயற்கைச் சுவாசமும் நெஞ்சழுத்தமும் தொடங்க வேண்டும். எழுந்து உட்கார்ந்து நன்றாக இருக்கிறேன் என்று சொன்னாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

தானியங்கி அமைப்பு உள்ள அறையில்

கப்பலின் இயந்திர அறை, மின்நிலையம் போன்ற சில இடங்களில் வரிசையாக உருளைகளை இணைத்து, தீ கண்டதும் அறை முழுவதையும் நிரப்பும் ஏற்பாடு இருக்கும். அதற்கு வடிவமைக்கப்படும் அளவு குறைந்தது 34 சதவீதம். மேலே சொன்ன 17ஐ நினைத்துப் பாருங்கள். அந்த அறையில் அது திறந்துகொண்டால், ஆள் தப்பிக்க நொடிகள்தான் உண்டு.

1998 ஜூலை 28 அன்று அமெரிக்காவின் ஐடஹோ தேசிய ஆய்வகத்தில் 13 பேர் ஒரு கட்டடத்தில் மின் பராமரிப்பு வேலையில் இருந்தார்கள். எச்சரிக்கை மணி ஒலிக்கவே இல்லை. வாயு திடீரெனப் பாய்ந்து கண் முன் கை தெரியாத வெண்மை சூழ்ந்தது. ஒருவர் இறந்தார், பலர் கடுமையாகப் பாதிக்கப்பட்டனர். அமைப்பை மின்னணு முறையில் செயலிழக்கச் செய்திருந்தார்கள். வாயு வரும் வழியைக் கையால் பூட்டியிருக்கவில்லை. 2000ஆம் ஆண்டு வெளியான அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அறிக்கை, 1975க்குப் பிறகு இத்தகைய அமைப்புகளால் நேர்ந்த 51 விபத்துகளில் 72 பேர் இறந்ததாகக் கணக்கிட்டது. அவற்றில் பல, தீயே இல்லாத நாளில், பராமரிப்பு வேலையின்போது நடந்தவை.

ஆகவே இந்த அறைக்குள் வேலைக்குப் போகும் எலக்ட்ரீஷியனோ, ஏசி மெக்கானிக்கோ, துப்புரவுப் பணியாளரோ, யாராக இருந்தாலும் முதலில் கேட்க வேண்டியது: 'வாயு வரும் குழாயின் வால்வைக் கையால் மூடிப் பூட்டியாயிற்றா? சாவி யாரிடம்?' பலகையில் சுவிட்சை அணைத்துவிட்டோம் என்ற பதிலை ஏற்காதீர்கள். சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்க வேண்டும். வேலைக்கு முன் வெளியேறும் வழியை ஒருமுறை நடந்து பாருங்கள். மணி ஒலித்தால் கருவிப் பெட்டியை எடுக்கத் திரும்ப வேண்டாம்.

வைப்பதும் எடை பார்ப்பதும்

உருளைக்குள் சாதாரண வெப்பத்திலேயே அழுத்தம் 50 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அலகு) மேல். கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம். 31 பாகையைத் தாண்டினால் உள்ளே திரவம் என்ற நிலையே இராது. சித்திரை வெயிலில் 40 பாகை சூட்டில் 100 பாரையும் தாண்டும். ஆகவே வெயில் படும் சுவரிலோ, பூட்டிய காரிலோ, அடுப்புக்குப் பக்கத்திலோ வைக்காதீர்கள். தாங்கியில் உறுதியாக மாட்டுங்கள். வால்வு அடிபடும்படி உருட்டக் கூடாது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை வேண்டும்.

முள் இல்லாததால், வாயு கசிந்துவிட்டதா என்று கண்ணால் அறிய வழியில்லை. எடைதான் ஒரே சாட்சி. உருளையின் கழுத்தில் அல்லது ஒட்டியிருக்கும் விவரத்தில் காலி எடையும் மொத்த எடையும் எழுதியிருக்கும். கொக்கித் தராசில் மாட்டிப் பாருங்கள். 4.5 கிலோ வாயுவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 450 கிராம் குறைந்திருந்தால் நிரப்ப அனுப்ப வேண்டும். அனுப்பும் முன், அந்தக் கொக்கியில் வேறொரு நிரம்பிய உருளையை மாட்டிவிடுங்கள்.