சிங்கப்பூர் இப்படி ஆனது எப்படின்னு பேசும்போது நாம செய்யிற தவறுகள்

அக்கா மகன் பாலிடெக்னிக்ல படிக்கிறான். போன மாசம் ஒரு பிரசன்டேஷன் செஞ்சு எடுத்துட்டு வந்து "மாமா, சரியா இருக்கா பாருங்க"ன்னு லேப்டாப்பை நீட்டினான். சிங்கப்பூர்ல சமூகப் பழக்கங்களும் அரசாங்கத்தோட அதிகாரமும் எப்படி வளர்ந்துச்சுங்கிறதுதான் தலைப்பு. முதல் ஸ்லைடு மீன்பிடி கிராமம், ரெண்டாவது 1965-ல மலேசியாவுல இருந்து பிரிஞ்சு தனி நாடானது, மூணாவது லீ குவான் இயூ (முதல் பிரதமர்), நாலாவது 'இதைச் செஞ்சா ஃபைன்'னு எழுதின போர்டு, அஞ்சாவது மரீனா பே உயரக் கட்டடங்க, அவ்வளவுதான் முடிஞ்சுது. அவனை மட்டும் குறை சொல்ல முடியாது, ஆகஸ்ட் மாசம் தேசிய தினம் வந்தா நம்ம குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல சுத்துற கதையும் இதே அஞ்சு ஸ்லைடுதான். அன்னைக்கு ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் ரெண்டு பேரும் கோப்பியைக் குடிச்சுக்கிட்டே பேசுனோம், அதைத்தான் இங்க எழுதுறேன், இதைப் பத்திப் பேசுறவங்க எழுதுறவங்க யாருக்காவது உதவும்.

முதல் தவறு, எல்லாத்தையும் 1965 ஆகஸ்ட் 9-ல இருந்து தொடங்குறது. 1957 மக்கள்தொகைக் கணக்குலயே இங்க 14 லட்சத்துக்கு மேல ஆளுங்க இருந்தாங்க. பெரிய துறைமுகம், கடற்படைத் தளம், நகராட்சி, கோர்ட்டு, செய்தித்தாள் எல்லாமே இருந்துச்சு. நம்ம ஆளுங்களையே எடுத்துக்குங்க, 1819-ல இங்க ஆங்கிலேயக் குடியேற்றத்தைத் தொடங்குன ராஃபிள்ஸோட கப்பல்ல வந்த நாராயண பிள்ளை 1827-ல மாரியம்மன் கோயிலைத் தொடங்கிட்டாரு, தமிழ் முரசு பத்திரிகை 1935-லயே வந்துடுச்சு. அப்படி இருக்க மீன்பிடி கிராமம்னு எழுதினா நம்ம தாத்தா பாட்டி வாழ்ந்த நூறு நூத்தம்பது வருஷத்தை அப்படியே அழிச்ச மாதிரி ஆயிடும்.

இதைவிட முக்கியமா, அரசாங்கத்தோட அதிகாரத்துல பெரும் பகுதி புதுசா செஞ்சது கிடையாது, கைமாறி வந்தது. நம்ம குற்றவியல் சட்டம் இந்தியாவுக்காக 1860-ல வெள்ளைக்காரன் எழுதினதை வச்சு 1871-ல இந்தப் பக்கம் கொண்டு வந்தது. அதுல ஆணும் ஆணும் உறவு வச்சுக்கிட்டா குற்றம்னு சொன்ன 377ஏ பிரிவை 1938-ல சேர்த்தாங்க, நாடாளுமன்றத்துல அதை நீக்குனது 2022-லதான், அதாவது அதை எழுதுன சாம்ராஜ்யமே போயி அறுபது வருஷம் ஆன பிறகு. விசாரணை இல்லாம ஒருத்தரைத் தடுத்து வைக்கிற அதிகாரம் 1948 அவசரகாலச் சட்டத்துல இருந்து வந்தது, அதுதான் 1955-ல ஒரு வடிவம் எடுத்து, அப்புறம் மலேசியாவோட சேர்ந்திருந்த காலத்துல உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமா இங்க வந்து இன்னைக்கும் இருக்கு. எல்லாரும் ஆளுங்கட்சியான பிஏபி (மக்கள் செயல் கட்சி) கொண்டு வந்ததுன்னு நினைக்கிற சிபிஎஃப்கூட (சம்பளத்துல பிடிக்கிற மத்திய சேமநிதி) 1955-ல வந்தது, அவங்க ஆட்சிக்கு வந்ததோ 1959-ல. அதனால 'யார் செஞ்சாங்க'ன்னு மட்டும் கேட்காம, முன்னாடியே இருந்த கருவியை அடுத்து வந்தவங்க எதுக்குப் பயன்படுத்துனாங்கன்னு கேளுங்கன்னு அவன்கிட்ட சொன்னேன். சிபிஎஃப் வெறும் ஓய்வுகாலச் சேமிப்பாத்தான் பிறந்துச்சு, 1968-ல அந்தப் பணத்தை வச்சு எச்டிபி வீடு (அரசாங்க வீடமைப்புக் கழகத்தோட அடுக்குமாடி வீடு) வாங்கலாம்னு விட்டதும் அதே காசு ஜனங்களை இந்த மண்ணோட கட்டிப்போட்ட கயிறா மாறிடுச்சு.

அடுத்தது அந்த ஃபைன் போர்டு. இந்தத் தவறுதான் எனக்கு ரொம்ப மனசுக்குக் கஷ்டமா இருக்கும், ஏன்னா ஊர்ல இருந்து வர்ற சொந்தக்காரங்கள்ல இருந்து இங்கயே பிறந்த பசங்க வரைக்கும் எல்லாரும் 'பயம்தான் காரணம், ஃபைன் போட்டாங்க திருந்திட்டாங்க'ன்னு ஒரே வரியில முடிச்சிடுறாங்க. சுத்தமா வச்சுக்குவோம் இயக்கம் 1968 அக்டோபர்ல தொடங்குச்சு, ஃபைனும் போட்டாங்க, அது உண்மைதான். ஆனா அந்த வருஷம் எத்தனையோ வீட்டுல வாளிக் கக்கூஸ்தான், காலையில ஆள் வந்து வாளியை எடுத்துட்டுப் போகணும். அந்த வாளி முறை முழுசா ஒழிஞ்சது 1987 ஜனவரியில. சிங்கப்பூர் ஆத்தைச் சுத்தம் செய்ய 1977-ல இருந்து 1987 வரைக்கும் பத்து வருஷம் ஆச்சு, அந்தப் பத்து வருஷத்துல ஆத்தோரம் இருந்த பன்றிப் பண்ணை, வாத்துப் பண்ணை, படகுப் பட்டறை, தெருவுல விக்கிறவங்க எல்லாரையும் வேற இடத்துக்கு மாத்துனாங்க. 1971-ல இருந்து 1986 வரைக்கும் உணவங்காடி நிலையங்களைக் கட்டிக் கட்டித் தெருக்கடைக்காரங்களை உள்ள கொண்டு வந்தாங்க, அங்க தண்ணிக் குழாயும் சாக்கடையும் இருந்துச்சு. குழாயே இல்லாத கடைக்காரருகிட்ட போயி எவ்வளவு ஃபைன் போட்டாலும் அவரு கழுவுன தண்ணியை எங்க ஊத்துவாரு? முதல்ல வசதி, கூடவே பிரச்சாரம், அதோட ஃபைன், இது மூணும் ஒண்ணா போனதாலதான் பழக்கம் மாறுச்சு.

அதுக்காக ஃபைன் வேலையே செய்யாதுன்னும் எழுதிடாதடான்னு சொன்னேன். சாப்பிட்ட தட்டைத் திருப்பி வைங்கன்னு எத்தனை வருஷம் போஸ்டர் ஒட்டுனாங்க, தட்டு வைக்கிற ரேக் எல்லாம் போட்டாங்க, பாதிக்கு மேல பேரு கண்டுக்கவே இல்ல. 2021 செப்டம்பர் 1-ல இருந்து உணவங்காடியில தட்டை விட்டுட்டுப் போறவங்களுக்கு எழுத்துல எச்சரிக்கை, மறுபடி செஞ்சா ஃபைன்னு ஆரம்பிச்சதும் மளமளன்னு மாறிடுச்சு. இப்ப என் அம்மா வேற நாட்டுக்குப் போனாக்கூட தட்டைத் தூக்கிக்கிட்டு எங்க வைக்கிறதுன்னு தேடுறாங்க. ரேக் ஏற்கெனவே தயாரா இருந்துச்சு, கடைசித் தள்ளு மட்டும்தான் சட்டம் கொடுத்துச்சு.

இதோட ஒட்டினாப்ல இன்னொரு தவறு இருக்கு, எப்பவுமே சட்டம் முன்னாடி வரும் பழக்கம் பின்னாடி வரும்னு நினைக்கிறது. கட்டாயக் கல்விச் சட்டம் இங்க எப்ப நடைமுறைக்கு வந்துச்சு தெரியுமா, 2003-ல. அதுக்குள்ள கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைங்களும் பள்ளிக்கூடம் போயிட்டுதான் இருந்தாங்க, பெத்தவங்களே அனுப்பிட்டாங்க, சட்டம் வந்து மிச்சம் இருந்த கொஞ்சப் பேரைச் சேர்த்துக்கிச்சு. மாதர் சாசனம் 1961-ல வந்து, முஸ்லிம் அல்லாதவங்களுக்கு ஒருத்தனுக்கு ஒருத்திங்கிறதைச் சட்டமாக்குச்சு, இதையும் மேல இருந்து வந்த வரம் மாதிரிதான் சொல்றாங்க. ஆனா 1952-லயே ஷிரின் ஃபோஸ்தாரும் அவங்க கூட இருந்த பெண்களும் சிங்கப்பூர் மகளிர் மன்றம் ஆரம்பிச்சு இதையே கேட்டுக் கேட்டு நடையா நடந்தாங்க, அப்புறம்தான் பிஏபி அதைத் தேர்தல் வாக்குறுதியா எடுத்துக்கிச்சு. கோப்பிக்கடையில டிஷ்யூ பாக்கெட்டை வச்சு மேசையைச் 'சோப்' பண்றோமே, அதாவது இடம் பிடிச்சு வைக்கிறோமே, அதுக்கு எந்தச் சட்டமும் கிடையாது, ஆனா அந்த டிஷ்யூவை எடுத்துட்டு உக்கார யாருக்கு மனசு வரும் சொல்லுங்க.

அரசாங்கம் முழு மூச்சா தள்ளியும் ஜனங்க நகராத கதையும் உண்டு. 1972-ல 'ரெண்டு பிள்ளையோட நிறுத்துங்க'ன்னாங்க, பிரசவக் கட்டணம், பள்ளி இடம் எல்லாத்தையும் வச்சு அழுத்துனாங்க, பிறப்பு விகிதம் சரசரன்னு இறங்கிடுச்சு. 1987-ல 'முடிஞ்சா மூணு அல்லது அதுக்கு மேல'ன்னு அப்படியே திருப்பிப் போட்டாங்க, காசும் கொடுக்குறாங்க விடுப்பும் கொடுக்குறாங்க, ஆனா 2023-ல அது ஒரு பெண்ணுக்குச் சராசரியா 0.97 பிள்ளைன்னு இறங்கிடுச்சு. பட்டதாரி அம்மாக்களோட பிள்ளைங்களுக்குப் பள்ளியில முன்னுரிமைன்னு 1984-ல ஒண்ணு கொண்டு வந்தாங்க பாருங்க, அதுக்கு ஜனங்க கொதிச்சுப் போயிட்டாங்க, படிச்ச பெண்களே வேண்டாம்னாங்க. அந்த வருஷத் தேர்தல்ல ஆளுங்கட்சி ஓட்டு 12 சதவீதப் புள்ளிக்கு மேல சரிஞ்சுச்சு, அதுக்கு வேற காரணங்களும் இருந்துச்சுதான், ஆனா 1985-ல அந்தத் திட்டத்தை வாபஸ் வாங்கிட்டாங்க. ஒரே அரசாங்கம், ஒரே ஜனங்க, ஒண்ணு நடந்துச்சு ஒண்ணு நடக்கல. ஏன்னு கேக்குறதுதான் உண்மையான ஆராய்ச்சி.

'சிங்கப்பூர் ஜனங்க இயல்பாவே சொன்னதைக் கேக்குறவங்க' அப்படிங்கிற பேச்சு இன்னொரு பெரிய தவறு. 1954-ல காலனி அரசாங்கம் தேசிய சேவைன்னு, அதாவது கட்டாய ராணுவப் பணிக்குப் பையனுங்களைக் கூப்பிட்டப்ப மே 13-ஆம் தேதி சீனப் பள்ளி மாணவருங்க ரோட்டுல இறங்கிப் போலீஸோட மோதினாங்க. அடுத்த வருஷம் ஹாக் லீ பஸ் கம்பெனி வேலைநிறுத்தம் கலவரமா முடிஞ்சுச்சு, உயிர் போச்சு. வேலைநிறுத்தமும் ஊர்வலமும் அந்தக் காலத்துல அன்றாடச் செய்தி. அதே ஊர்ல 1967-ல மறுபடியும் தேசிய சேவை வந்துச்சு, சுமார் 9,000 பேரைப் பதிஞ்சாங்க, சமூக மன்றத்துல விருந்து வச்சு வழியனுப்புனாங்க. பதிமூணே வருஷம்தான் இடைவெளி, ஜனங்களோட இயல்பா மாறிடும்? கூப்பிட்டது யாருங்கிறது மாறுச்சு, இந்த நாடு நம்மளுதான்னு ஒரு எண்ணம் வந்துச்சு, 1964 இனக்கலவரத்தையும் 65-ல மலேசியாவுல இருந்து பிரிஞ்சதையும் கண்ணால பாத்த பயம் இருந்துச்சு. அதோட இதையும் மறைக்காம எழுதணும், எதிர்த்துப் பேசக்கூடிய ஆளுங்கள்ல 100-க்கும் மேல 1963 பிப்ரவரியில ஒரே நடவடிக்கையில உள்ள போட்டாங்க, 1968-ல தொழிலாளர் சட்டங்களை இறுக்குனாங்க, அந்த வருஷத் தேர்தல்ல எல்லா இடமும் ஒரே கட்சிக்குப் போச்சு. நம்பிக்கையா பயமா லாபமான்னு கேட்டா மூணும்தான், ஆளுக்கு ஆள் அளவு வேற.

லாபம்னு சொன்னதும் வீடு ஞாபகம் வருது. எச்டிபிக்கு முன்னாடி வீடு கட்டுன காலனி அரசாங்க அமைப்பான எஸ்ஐடி 32 வருஷத்துல சுமார் 23,000 வீடு கட்டுச்சு, 1960-ல வந்த எச்டிபி முதல் அஞ்சு வருஷத்துலயே 50,000-த்தைத் தாண்டிடுச்சு. 1961 மே மாசம் புக்கிட் ஹோ சுவீ கம்பம் (குடிசைப் பகுதி) எரிஞ்சு சுமார் 16,000 பேரு தெருவுக்கு வந்தப்ப அந்த வீடுங்கதான் தாங்குச்சு. இதை ஸ்லைடுல பெருமையா போடணும், ஆனா நிலம் எங்கிருந்து வந்துச்சுன்னும் போடணும். 1966-ல நிலம் கையகப்படுத்தும் சட்டம், அப்புறம் 1973 விலைக்கு மேல தரமாட்டோம்னு ஒரு திருத்தம், சந்தை விலைக்கு மாத்துனது 2007-ல. இடத்தைக் கொடுத்தவங்களும் இந்த நாட்டைக் கட்டுனவங்கதான், அவங்க பேரு எந்தப் போர்டுலயும் இல்ல.

நம்மவங்க செய்யிற தவறு ஒண்ணு தனியா இருக்கு, நாம ஏதோ ஓரமா நின்னு வேடிக்கை பாத்த மாதிரி பேசுறது. தமிழ் ஆட்சிமொழியா சும்மா கிடைச்சுதா, தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி மாதிரி ஆளுங்க பத்திரிகையில எழுதி, 1952-ல இருந்து தமிழர் திருநாள் நடத்தி, குடியுரிமை எடுங்க குடியுரிமை எடுங்கன்னு ஜனங்களைத் துரத்தித் துரத்திப் பதிய வச்சாங்க. தேசிய உறுதிமொழியை முதல்ல எழுதுனவரு யாழ்ப்பாணத்துல பிறந்த அமைச்சர் எஸ். ராஜரத்தினம். அதேபோல விட்டுக்கொடுத்ததும் இருக்கு. 1968-ல பொதுவிடுமுறையைக் குறைச்சப்ப தைப்பூசமா தீபாவளியான்னு தேர்ந்தெடுக்க வேண்டியிருந்துச்சு, தீபாவளி நின்னுச்சு, தைப்பூசம் போச்சு, முஸ்லிம்களும் கிறிஸ்தவங்களும்கூட அப்ப சில விடுமுறைகளை விட்டாங்க. 1964 கலவரம் ஒரு ஊர்வலத்துலதான் வெடிச்சதால நடந்து போற ஊர்வலத்துக்கே கட்டுப்பாடு வந்துச்சு, தைப்பூசத்துக்கு விலக்கு இருந்தாலும் 1973-ல இருந்து வழியில வாத்தியம் கூடாதுன்னு ஆச்சு. ஜனங்க கேட்டுக்கிட்டே இருந்தாங்க, கோயில் ஆளுங்க பேசிக்கிட்டே இருந்தாங்க, 2016-ல மூணு இடத்துல நேரடி வாத்தியம் வந்துச்சு, அப்புறம் இன்னும் கொஞ்சம் தளர்த்துனாங்க. அந்த வருஷம் செராங்கூன் ரோட்டுல நின்னு அந்த மேளச் சத்தத்தைக் கேட்டப்ப எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அதிகாரமும் பழக்கமும் ஒண்ணோட ஒண்ணு பேரம் பேசி நகர்றதை இதைவிடத் தெளிவா எந்தப் புத்தகத்துல பாக்கப் போறோம்.

'நம்ம ஊருக்கும் இப்படி ஒரு தலைவர் வேணும்'னு தமிழ்நாட்டுச் சொந்தக்காரங்க சொல்றதைப் பத்தி ரொம்பச் சொல்லப் போறதில்ல. இது ஒரே நகரம், மாநிலம் மாவட்டம் பஞ்சாயத்துன்னு அடுக்கு கிடையாது, அளவே வேற. ஆளை மட்டும் தூக்கிட்டுப் போயி அங்க வச்சா நடக்காது.

எல்லாத்தையும் கேட்டுட்டு பையன், "அப்ப முதல் ஸ்லைடுல என்னத்தைப் போடுறது மாமா?"ன்னான். பாட்டியைப் போயி கேளுன்னு சொன்னேன். ஞாயித்துக்கிழமை ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணிட்டு வந்தான். கம்பத்துல இருந்து புளோக்குக்குக் குடி வந்த முதல் வாரம், குழாயை நம்பாம தினமும் ரெண்டு வாளி தண்ணி பிடிச்சு வச்சதையும், புது வீட்டுச் சாவியைக் கையில வச்சுக்கிட்டே, இடிக்கப் போற பழைய வீட்டைக் கடைசியா ஒரு தடவை கூட்டிப் பெருக்கிட்டு வந்ததையும் அம்மா சொல்லியிருக்காங்க. நாங்களே கேட்டதில்ல இதை. மீன்பிடி கிராமம் படத்தை எடுத்துட்டு அந்தக் குரலை முதல்ல வச்சிருக்கான்.